மனைத் திட்டம் வரும் இடத்தில் அரிய செடிகளையும் விலங்குகளையும் காப்பது எப்படி

நிலத்தைச் சமப்படுத்திவிட்டால் அங்கே என்ன இருந்தது என்று நிரூபிக்க வழியில்லை. அதனால் மனைத் திட்டம் பற்றிய பேச்சு எழுந்தவுடனே கணக்கெடுப்பைத் தொடங்குங்கள். கட்டுபவர் தரப்பு அறிக்கை ‘அரிய இனம் எதுவும் இல்லை’ என்று சொன்னால், எந்த மாதத்தில், எத்தனை நாள், எந்த நேரத்தில் பார்த்தார்கள் என்பதை முதலில் தேடிப் படியுங்கள். பருவம் தவறி ஒரே ஒரு பகல் பார்த்த அறிக்கைக்கு வலுவில்லை. கிழங்காக மண்ணுக்குள் உறங்கும் தரை ஆர்க்கிட் கோடையில் யார் கண்ணிலும் படாது.

ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய நேரம் உண்டு. செடிகளைப் பூக்கும்போதும் காய்க்கும்போதும் பாருங்கள். தவளைகளுக்கு முதல் மழைக்குப் பிந்தைய இரவுகள். குரலைக் கைப்பேசியில் பதிவு செய்தாலே பல இனங்களைப் பிரித்தறியலாம். பறவைகளுக்கு விடியற்காலை, வௌவால்களுக்கு அந்தி. பல்லி, பாம்புகளை வெயில் ஏறத் தொடங்கும் காலையில் தேடுங்கள். ஒருமுறை காணவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. வெவ்வேறு வானிலையில் திரும்பத் திரும்பப் போக வேண்டும். தனியார் நிலத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். அத்துமீறி எடுத்த படம் உங்கள் மனுவையே பலவீனமாக்கும். வேலி ஓரத்திலும் பொதுப்பாதையிலும் நின்றே நிறையப் பதிவு செய்யலாம். ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் காலணியைக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை ஈரச் சேற்றோடு பரவும்.

பதிவு என்றால் இவ்வளவும் வேண்டும்: தேதி, நேரம், ஆள்கூறு (இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்), எண்ணிக்கை, பார்த்தவர் பெயர், படம். ஆள்கூறைத் தசமப் பாகையில், புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வரை எழுதுங்கள். ஐந்தாவது இலக்கம் ஏறக்குறைய 1 மீட்டர். ஆனால் கைப்பேசி ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் தவறலாம், மரத்தடியில் இன்னும் கூடுதலாக. அதனால் செயலி காட்டும் பிழை அளவையும் சேர்த்துக் குறியுங்கள். செடிக்கு ஒரு படம் போதாது: முழுச்செடி, இலையின் மேல்புறம், அடிப்புறம், தண்டில் இலை அமைந்த விதம், பூவின் முன்பக்கம், பக்கவாட்டு, காய். பக்கத்தில் அளவுகோல் இருக்கட்டும். அடையாளம் காண்பதற்காகப் பிடுங்க வேண்டாம். மாதிரி தேவை என்று தாவரவியலாளர் சொன்னாலும், 20 செடிக்குக் குறைவாக உள்ள இடத்தில் ஒன்றைக்கூட எடுக்காதீர்கள்.

சரியான இடத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள். ஆர்க்கிட், ஆமை போன்றவற்றைத் திருடி விற்பவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளம் அழியும் நிலையிலுள்ள இனங்களின் இடத்தைத் தானாகவே மங்கலாக்கும்; பட்டியலில் இல்லாதவற்றுக்கு நீங்களே அந்த அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். துல்லியமான வரைபடம் அதிகாரிகளுக்கும் நிபுணர்களுக்கும் மட்டும் போகட்டும்.

அடுத்து, மனை வரைபடத்தின் மேல் நீங்கள் பதிவு செய்த இடங்களின் புள்ளிகளை க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் வையுங்கள். ‘இங்கே இயற்கை அழிகிறது’ என்ற மனுவை ஒதுக்கிவிடுவது எளிது. ‘இந்தத் தெரு இத்தனை செடிகளின் மேல் போகிறது, இவ்வளவு தூரம் நகர்த்தினால் அவை தப்பும்’ என்பதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆட்சேபனைக்கான கடைசி நாளுக்குள் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்கும் வரிசை முக்கியம்: முதலில் தவிர்த்தல், பிறகு பாதிப்பைக் குறைத்தல், பிறகு சீரமைத்தல், ஈடு செய்தல் கடைசியில்தான். ‘செடிகளை வேறு இடத்துக்கு மாற்றிவிடுகிறோம்’ என்ற வாக்குறுதியை உடனே ஏற்காதீர்கள். ஆர்க்கிட் விதை முளைப்பதே மண்ணிலுள்ள குறிப்பிட்ட பூஞ்சையை நம்பித்தான். தோண்டி நட்ட செடி ஓரிரு ஆண்டு பூத்துவிட்டு, வாரிசு இல்லாமலே மறையலாம். இடம் மாற்றிய விலங்குகள் பழைய இடத்துக்குத் திரும்ப முயன்று சாலையில் அடிபடுகின்றன. புதிய இடத்தில் ஏற்கெனவே வாழ்பவற்றோடு இரைக்கும் மறைவிடத்துக்கும் போட்டியிடுகின்றன. வேறு வழியே இல்லாதபோது மட்டும், பல ஆண்டுக் கண்காணிப்போடு, இடமாற்றத்துக்கு ஒப்புக்கொள்ளலாம்.

வேலி போட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. ஈரநிலத்துக்கு நீர் வரும் சரிவை அடைத்துவிட்டால், வேலிக்குள்ளேயே அது காய்ந்துபோகும். நீர் எங்கிருந்து வருகிறது என்பதை மழைநாளில் நடந்து பார்த்து, அந்த வழியையும் வரைபடத்தில் சேருங்கள். மரங்களுக்கு, அடிமர விட்டத்தை மார்பு உயரத்தில் அளந்து 12-ஆல் பெருக்குங்கள். அதுதான் காக்க வேண்டிய வேர்வட்டத்தின் ஆரம். 50 செ.மீ. விட்டத்துக்கு 6 மீட்டர். அதற்குள் மண் கொட்டுவதும் வண்டி நிறுத்துவதும்கூட ஆகாது. மண் இறுகி வேர் மூச்சுமுட்டும். மரம் காய்வது சில ஆண்டு கழித்துத் தெரியவரும்போது யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

அனுமதி கிடைத்துவிட்டால், இவற்றை நிபந்தனைகளாக எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்:

- பொக்லைன் வருமுன் வேலி. தவளை, பல்லிகளுக்கான தடுப்பு என்றால் அடிப்பகுதி 20 செ.மீ.யாவது மண்ணுக்குள் புதைய வேண்டும். இல்லையேல் அடியில் நுழைந்துவிடும்.
- புதர் வெட்டுவது இனப்பெருக்கப் பருவத்துக்கு வெளியே, இரண்டு கட்டமாக. முதலில் 15 செ.மீ. உயரம் விட்டு, எஞ்சப்போகும் பசுமைப் பக்கம் நோக்கி வெட்டிச் செல்ல வேண்டும். விலங்குகள் விலக ஓரிரு நாள் கொடுத்துவிட்டு மீதி.
- இரவில் திறந்து கிடக்கும் பள்ளத்தில் ஏறிவரச் சாய்வுப் பலகை. தினமும் வேலைக்கு முன் பள்ளத்தைப் பார்க்க ஒரு ஆள்.
- சிமென்ட் கழுவிய நீர் ஓடைக்குப் போகக்கூடாது. அதன் காரத்தன்மை மீனையும் தலைப்பிரட்டையையும் கொல்லும்.
- தெருவிளக்குக்குத் தரைநோக்கிய மூடி, 2700 கெல்வினுக்கு (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) மேற்படாத மஞ்சள் ஒளி. வாழிடத்தின் பக்கம் விளக்கே வேண்டாம்.

குடியேறிய பின்னும் வேலை இருக்கிறது. பூனையும் நாயும் தரையில் கூடு கட்டும் பறவைகளைப் பிடிக்கும். தோட்டத்து அயல்செடிகள் வேலி தாண்டிப் பரவும். எந்தச் செடி நடக்கூடாது என்ற பட்டியலைக் குடியிருப்போர் சங்க விதியிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். கண்காணிப்புக்கு ஆண்டுதோறும் அதே மாதம், அதே பாதை, அதே முறை. முறையை மாற்றினால் எண்ணிக்கை குறைந்தது இனத்தினாலா, எண்ணிய விதத்தினாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.