‘பிளன்ஜ்’ எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது

ஆங்கிலப் பேப்பர் படிக்கிறவர்கள் கண்ணில் ‘பிளன்ஜ்’ (plunge) என்ற இந்தச் சொல் அடிக்கடி படும். மலைப்பாதையில் பஸ் பள்ளத்தில் விழுந்தாலும் பிளன்ஜ், சென்செக்ஸ் விழுந்தாலும் பிளன்ஜ், டெல்லியில் குளிர் கூடினாலும் பிளன்ஜ், பத்து வருடம் யோசித்த ஒருவர் கடைசியில் கல்யாணம் செய்துகொண்டாலும் அதே பிளன்ஜ். படிக்கும்போது அர்த்தம் புரிந்துவிடும், நாமே ஒரு மெயிலிலோ ரிப்போர்ட்டிலோ எழுதப் போகும்போதுதான் கை தடுமாறும்.

முதலில் உச்சரிப்பு. ‘பஸ்’ என்று சொல்லும்போது வருகிற குறுகிய அகரம்தான் இதிலும். கடைசியில் ‘ஜ்’. பலர் ‘லஞ்ச்’ மாதிரி ‘ச்’ போட்டு முடிக்கிறார்கள், அது வேண்டாம். இறந்தகாலம் ‘பிளன்ஜ்ட்’, ஒரே அசை, ‘பிளன்ஜெட்’ என்று இழுக்க வேண்டியதில்லை.

உயரத்திலிருந்து வேகமாக, ஆழமான ஒன்றுக்குள் விழுவதுதான் அடிப்படை அர்த்தம். இந்த மூன்றும் இருந்தால் தாராளமாகப் போடலாம். நாற்காலியிலிருந்து விழுந்த குழந்தைக்கு ‘ஃபெல்’ போதும், அங்கே பிளன்ஜ் போட்டால் படிக்கிறவர் பதறிப்போவார். உள்ளே போகிற அர்த்தம் இருப்பதால் இதற்குப் பின்னால் பெரும்பாலும் ‘இன்டு’ வரும்: ‘தி பஸ் பிளன்ஜ்ட் இன்டு எ கார்ஜ்’. தலைப்புச் செய்தியில் ‘பஸ் பிளன்ஜஸ்’ என்று நிகழ்காலத்தில் போடுவது பத்திரிகை வழக்கம். உங்கள் ரிப்போர்ட்டில் அதைக் காப்பியடிக்காமல் இறந்தகாலத்திலேயே எழுதுங்கள். ‘சடன்லி பிளன்ஜ்ட்’ என்றும் எழுத வேண்டாம், திடீரென்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

தானாக விழுவதற்கு மட்டுமல்ல, நாம் ஒன்றை முக்குவதற்கும் இதே சொல்தான். தக்காளித் தோலை உரிக்கச் சொல்லும் ஆங்கிலச் சமையல் குறிப்பில், கொதிநீரிலிருந்து எடுத்தவுடன் ஐஸ் தண்ணீரில் பிளன்ஜ் செய்யுங்கள் என்று இருக்கும். சட்டென்று முழுசாக அமுக்க வேண்டும் என்று அர்த்தம். ஓரத்தை மட்டும் நனைத்து எடுப்பதென்றால் அது ‘டிப்’.

இன்னொரு பயன்பாடு செயப்பாட்டு வினையில் வரும். 2012 ஜூலை 31 அன்று வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் மூன்றும் விழுந்து 60 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள் இல்லையா, அந்த மாதிரி நேரத்தில் எழுதுவது ‘வாஸ் பிளன்ஜ்ட் இன்டு டார்க்னஸ்’. இருட்டு, போர், கடன், துக்கம், குழப்பம் எல்லாம் இந்த இடத்தில் பொருந்தும். மகிழ்ச்சியில் தள்ளப்பட்டார் என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் ஒருவர் தானே வேலையில் மும்முரமாக இறங்கினால் ‘பிளன்ஜ்ட் இன்டு ஒர்க்’ என்று எழுதலாம், அதில் கெட்டது எதுவும் இல்லை.

சரி, விலைக்கு வருவோம், அதிகம் சறுக்குவது இங்கேதான். தக்காளி கிலோ 60 ரூபாயிலிருந்து 20 ரூபாய்க்கு வந்தால் ‘பிளன்ஜ்ட் பை 40’, அல்லது ‘பிளன்ஜ்ட் டு 20’. தமிழில் ‘40 ரூபாய் குறைந்தது’, ‘20 ரூபாயாகக் குறைந்தது’ என்று ‘ஆக’ செய்கிற வேலையை அங்கே இந்த ‘டு’ செய்கிறது. பை, டு இரண்டையும் மாற்றிப் போட்டால் கணக்கே மாறிவிடும், வியாபார மெயிலில் அது சண்டையில் போய் முடியும். அளவும் முக்கியம். 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல், அதாவது சுமார் 13 சதவீதம் இறங்கியது, அது பிளன்ஜ். அரை சதவீதம் இறங்கினால் ‘ஸ்லிப்ட்’ அல்லது ‘டிப்ட்’ போதும். சில சேனல்கள் அதற்கும் பிளன்ஜ் போட்டுக் கத்துவார்கள், அவர்களுக்கு வியூஸ் வேண்டும், உங்களுக்கு என்ன வந்தது?

பக்கத்துச் சொற்களோடு குழம்பாமல் இருக்க நான் பார்ப்பது ஒன்றுதான்: விழுகிறவர் கையில் கட்டுப்பாடு இருக்கிறதா? பருந்து கோழிக்குஞ்சைத் தூக்க இறங்குவது ‘ஸ்வூப்’. குறிபார்த்து, வேண்டுமென்றே இறங்கி, திரும்ப மேலே போய்விடும். ‘பிளம்மட்’ இதற்கு நேர் எதிர். கல் மாதிரி நேராகக் கீழே, பெரும்பாலும் தடுக்க ஆளில்லாத விழுகை. ‘நோஸ்டைவ்’ விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்குவதிலிருந்து வந்தது, பேச்சு நடைக்குச் சரி, ஆடிட் ரிப்போர்ட்டுக்குக் கொஞ்சம் அதிகம். பிளன்ஜ் இரண்டு பக்கமும் போகும். மீன்கொத்தி தானாகத் தண்ணீருக்குள் பாய்வதும் பிளன்ஜ், பிரேக் பிடிக்காத லாரி ஆற்றுக்குள் போவதும் பிளன்ஜ்.

பிளன்ஜ், பிளம்மட் இரண்டுக்கும் வேர் ஒன்று, ஈயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லான ‘பிளம்பம்’. கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று நூலில் கட்டித் தொங்கவிடும் தூக்குக்குண்டுக்கும் ஆங்கிலத்தில் பிளம்மட் என்று பெயர் உண்டு. ஈயக் குழாய்களோடு மல்லுக்கட்டிய பிளம்பரும் இதே குடும்பம்தான். பிளம்மட்டை எழுதும்போது ஒரு எச்சரிக்கை: அதற்குச் செயப்படுபொருள் வராது. ‘கம்பெனி விலையை பிளம்மட் செய்தது’ என்று எழுதினால் தவறு, அதற்கு ‘ஸ்லாஷ்ட்’ இருக்கிறது. இறந்தகாலத்தில் பிளம்மட்டின் கடைசி ‘டி’ (t) எழுத்தை இரட்டிக்கவும் கூடாது.

‘டேக் தி பிளன்ஜ்’ என்பது தனிக் கதை. ரொம்ப நாள் தயங்கி, வந்தது வரட்டும் என்று துணிந்து இறங்குவது: வேலையை விட்டுக் கடை போடுவது, வீட்டுக் கடன் வாங்குவது, கல்யாணம். தயக்கமும் ரிஸ்க்கும் இல்லாத காரியத்துக்கு இதைப் போட்டால் கிண்டலாகத்தான் கேட்கும், மத்தியானம் பிரியாணி சாப்பிட முடிவெடுத்ததற்கெல்லாம் வேண்டாம் (கிண்டலுக்கே என்றால் போடலாம்). நடுவில் ‘தி’யை விடாதீர்கள், ‘எ பிளன்ஜ்’ என்று மாற்றினால் பொருள் போய்விடும்.

கடைசியாகச் சில பெயர்ச்சொற்கள். அடைத்த டாய்லெட்டை அமுக்கி அமுக்கி எடுக்கும் ரப்பர் கிண்ணம் வைத்த கம்பும் ‘பிளன்ஜர்’, ஊசி போடும்போது நர்ஸ் கட்டைவிரலால் தள்ளும் பகுதியும் பிளன்ஜர். அருவி விழுந்து விழுந்து அடியில் குடைந்த பள்ளம் ‘பிளன்ஜ் பூல்’, குற்றாலத்தில் பேரருவி விழுந்து பொங்கி வருகிற பொங்குமாங்கடல் அந்த ரகம். ரிசார்ட் விளம்பரத்திலும் ‘பிரைவேட் பிளன்ஜ் பூல்’ என்று வரும், அது வேறு. நீச்சலடிக்கலாம் என்று நம்பிக் கூடுதல் பணம் கட்டிவிடாதீர்கள், உடம்பைக் குளிரவைக்க இரண்டு மூன்று பேர் இறங்கி நிற்கிற தொட்டி அளவுதான் இருக்கும்.