துளசி மணக்கும் தாய்லாந்து மாட்டிறைச்சி வறுவல்: முதன்முறை சமைப்பவர்களுக்கு

பாங்காக்கில் எந்தத் தெருவில் நின்றாலும் கூப்பிடு தூரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கும். நான்கைந்து மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், வாசலிலேயே அடுப்பு. என்ன சாப்பிடுவதென்று யோசிக்கக்கூட நேரமில்லாதவர்கள் அங்கே கேட்பது பாட் கப்ராவ். பூண்டும் மிளகாயும் இடித்துப் போட்டு, கொத்திய இறைச்சியைப் பெருந்தீயில் வறுத்து, கடைசியில் கைநிறையத் துளசி இலையைச் சேர்த்து, சோற்றின் மேல் ஒரு பொரித்த முட்டையோடு கொடுப்பார்கள். கேட்ட ஐந்து நிமிடத்தில் தட்டு வந்துவிடும்.

தாய்லாந்தில் இதைப் பன்றி இறைச்சியிலும் கோழியிலும்தான் அதிகம் செய்கிறார்கள். குவான் யின் தெய்வத்தை வழிபடும் சீன வம்சாவளியினர் பலர் மாட்டிறைச்சியைத் தொடுவதில்லை. ஆனால் இந்த வறுவலின் காரத்துக்கும் நெடிக்கும் ஈடுகொடுக்கும் இறைச்சி மாட்டிறைச்சிதான் என்பது என் உறுதியான கருத்து. கோழி அந்த மசாலாவுக்குள் கரைந்துபோய்விடுகிறது. மாட்டிறைச்சி தன் சுவையை விட்டுக்கொடுப்பதில்லை.

வீட்டில் இதைச் செய்வதில் கடினமான வேலை எதுவும் இல்லை. இரண்டு விஷயங்கள் மட்டும் தவறக்கூடாது: எல்லாவற்றையும் முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் சமைக்கக் கூடாது. காரணத்தை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

இரண்டு பேருக்குத் தேவையானவை

- மாட்டு இறைச்சி, கொத்தியது: 300 கிராம்
- சிறு பல் நாட்டுப் பூண்டு: 10 பல் (பெரிய பல் என்றால் 5)
- காந்தாரி போன்ற சின்ன, காரமான மிளகாய்: 5 முதல் 8 வரை
- துளசி இலை: இரண்டு கை நிறைய
- ஆய்ஸ்டர் சாஸ்: 1 மேசைக்கரண்டி
- மீன் சாஸ்: 2 தேக்கரண்டி
- சோயா சாஸ்: 1 தேக்கரண்டி
- கறுப்பு சோயா சாஸ்: அரைத் தேக்கரண்டி, நிறத்துக்காக
- சர்க்கரை: 1 தேக்கரண்டி
- எண்ணெய்: வறுக்க 2 மேசைக்கரண்டி, முட்டை பொரிக்கத் தனியாகக் கால் கப்
- முட்டை: 2
- மல்லிகை அரிசி: 1 கப்

உப்பு பட்டியலில் இல்லை. மூன்று சாஸ்களிலும் அது ஏராளமாக இருக்கிறது. மீன் சாஸ் என்பது நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்போடு சேர்த்து மாதக்கணக்கில் நொதிக்கவிட்டு வடித்தெடுத்த சாறு. பாட்டிலைத் திறந்தவுடன் வரும் வாடையைக் கண்டு பயந்து அளவைக் குறைத்துவிடாதீர்கள். சூடான சட்டியில் பட்டதும் அந்த வாடை அடங்கிவிடும், சுவை மட்டும் நிற்கும். எண்ணெயைப் பொறுத்தவரை கடலை எண்ணெயோ சூரியகாந்தியோ போதும். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் வேண்டாம், அவற்றின் மணம் குறுக்கே வரும்.

துளசியைப் பற்றி

தாய்லாந்துக்காரர்கள் கப்ராவ் என்று சொல்லும் செடியும் நம் வீட்டு வாசலில் இருக்கும் துளசியும் தாவரவியல்படி ஒரே இனம். அங்கே வளரும் வகையில் காரமும் மிளகு நெடியும் சற்றுத் தூக்கலாக இருக்கும். தண்டு சிவந்த வகை, வெளிர்பச்சை வகை என இரண்டு உண்டு. சிவந்ததற்கு நெடி அதிகம். இரண்டிலும் கிராம்பில் இருக்கும் அதே யூஜெனால் என்ற எண்ணெய் இருப்பதால்தான் மென்றால் நாக்கு லேசாக மரத்துப்போகிறது.

பல வீடுகளில் துளசி பூசைக்குரிய செடி. அதை இறைச்சியோடு சமைக்க மனம் ஒப்பாதவர்கள் இருப்பார்கள். அது மதிக்க வேண்டிய உணர்வு. அவர்கள் திருநீற்றுப்பச்சிலையைப் பயன்படுத்தலாம். சப்ஜா விதை தரும் செடிதான் அது. தாய்லாந்தில் பச்சைக் குழம்பில் போடும் ஹோரபா அதன் இனம். அப்படிச் செய்தால் சோம்பின் இனிப்பு மணம் கலந்த, கொஞ்சம் சாதுவான வறுவல் கிடைக்கும். அதுவும் நன்றாகவே இருக்கும், ஆனால் வேறு உணவு. இத்தாலிய பேசிலை மட்டும் தவிர்த்துவிடுங்கள்; இந்தச் சூட்டில் அதன் மணம் நிற்பதேயில்லை.

இலைகளைக் காம்பிலிருந்து உருவி, கழுவி, துணியில் பரப்பி முழுக்க உலரவிடுங்கள். நறுக்க வேண்டாம். பூங்கொத்து இளசாக இருந்தால் அதையும் சேர்க்கலாம்.

முதலில் சோறு

வறுவல் ஆன பிறகு சோற்றுக்காகக் காத்திருந்தால் எல்லாம் பாழ். மல்லிகை அரிசியை இரண்டு முறை கழுவி, ஒரு கப்புக்கு ஒன்றேகால் கப் தண்ணீர் வைத்து, மூடி போட்டுச் சிறுதீயில் வேகவைத்து, அடுப்பை அணைத்தபின் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். அந்த அரிசி கிடைக்காவிட்டால் பொன்னிப் பச்சரிசி போதும். பாஸ்மதியும் சீரகச் சம்பாவும் தங்கள் மணத்தோடு துளசியுடன் போட்டிக்கு வரும் என்பதால் நான் அவற்றைச் சேர்ப்பதில்லை.

இறைச்சியைக் கொத்துதல்

கடையில் கொத்துக்கறி வாங்கினால் கொஞ்சம் கொழுப்போடு, ஒரே முறை அரைத்ததாகக் கேட்டு வாங்குங்கள். கொழுப்பே இல்லாத கறி வறண்டு மணல்மணலாகிவிடும். நேரம் இருந்தால் தோள்பட்டைக் கறியையோ தொடைக்கறியையோ வாங்கி வீட்டிலேயே கத்தியால் கொத்துவது மேல். முதலில் மெல்லிய துண்டுகளாக்கி, பிறகு குறுக்கும் நெடுக்குமாகக் கொத்தி, கடலைப்பருப்பு அளவில் நிறுத்திவிடுங்கள். பெரிதும் சிறிதுமாக இருந்தால் இன்னும் நல்லது: சிறியவை மொறுமொறுவென்று ஆகும், பெரியவை மென்மையாக இருக்கும். கொத்திய கறியைக் காகிதத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள்.

பூண்டும் மிளகாயும்

இந்த வறுவலின் உயிர் இங்கேதான். சின்ன உரலில் பூண்டையும் மிளகாயையும் ஒன்றாகப் போட்டு இடியுங்கள். விழுதாகக் கூடாது, பூண்டு நசுங்கி, மிளகாய்த் தோல் ஆங்காங்கே தெரிய வேண்டும். மிக்ஸியில் போடுவதானால் நிறுத்தி நிறுத்தி இரண்டே சுற்று. கத்தியால் பொடியாக நறுக்கினாலும் சமையல் நடக்கும், ஆனால் இடிக்கும்போது வெளிவரும் சாறு கத்தியில் வராது. விழுதாக அரைத்துவிட்டால் எண்ணெயில் போட்டவுடன் அடிப்பிடித்துக் கருகும், கசக்கும்.

இப்போது மூன்று வகை சாஸ்களையும் கறுப்பு சோயாவையும் சர்க்கரையையும் ஒரு கிண்ணத்தில் கலந்து அடுப்பருகே வையுங்கள். இடித்த பூண்டு, கறி, சாஸ், துளசி என்று போடும் வரிசையிலேயே அடுக்கி வைத்தால் கை தானாக அடுத்ததற்குப் போகும். அடுப்பு பற்றியபின் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருக்க நேரமே கிடைக்காது.

முட்டை

வறுவலுக்கு முன்பே முட்டையைப் பொரித்து வைத்துவிடலாம். சட்டியில் கால் கப் எண்ணெயை நன்றாகக் காயவைத்து, முட்டையைக் கிண்ணத்தில் உடைத்து மெதுவாக வழியவிடுங்கள். வெள்ளைக்கரு உடனே பொங்கிக் குமிழியிடும். ஓரம் பொன்னிறமாகிச் சரிகைபோல் மொறுமொறுக்க, கரண்டியால் சூடான எண்ணெயை வெள்ளைக்கருவின் மேல் மட்டும் ஊற்றிக்கொண்டே இருங்கள். ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் மஞ்சள்கரு இளகியே இருக்கும்.

இனி வறுவல்

ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், புகைபோக்கி இருந்தால் போட்டுவிடுங்கள். மிளகாய் நெடி வீடு முழுக்கப் பரவும்; குழந்தைகளை அடுக்களைக்கு வெளியே அனுப்பிவிடுவது நல்லது.

இரும்பு வாணலியை அடுப்பில் வைத்து நன்றாகச் சூடேற்றி, 2 மேசைக்கரண்டி எண்ணெய் விடுங்கள். எண்ணெய் நெளிந்து ஓடத் தொடங்கியதும் தீயை நடுத்தரமாகக் குறைத்து, இடித்த பூண்டு மிளகாயைப் போட்டுக் கிளறுங்கள். பதினைந்து, இருபது விநாடி போதும். பூண்டின் ஓரம் மஞ்சளாகத் தொடங்கும்போதே கறியைப் போட்டுவிட வேண்டும்.

கறி விழுந்ததும் தீயை முழுதாக ஏற்றுங்கள். தோசைத் திருப்பியால் கட்டிகளை உடைத்து, வாணலி முழுக்கப் பரப்பி, அரை நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு கிளறி, மீண்டும் பரப்புங்கள். இந்த இடத்தில் கண்ணைவிடக் காது உதவும். முதலில் கறியிலிருந்து நீர் விட்டு, கொதிக்கும் குழம்பின் சத்தம் கேட்கும். நிறமும் சாம்பலாக, அழகில்லாமல் இருக்கும். பொறுத்திருங்கள். நீர் வற்ற வற்றச் சத்தம் மாறி, சடசடவென்று பொரியும் ஓசை வரும். அப்போதுதான் கறி சிவக்கத் தொடங்கும், வறுத்த மணம் எழும். நீர் இருக்கும்வரை கறியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது என்பதால், அதுவரை நடப்பது அவியல்தான், வறுவலாகாது.

இரண்டு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் சமைக்க வேண்டாம் என்றது இதனால்தான். பாங்காக் கடைகளின் அடுப்பில் தீ சீறிக்கொண்டு எரியும். நம் வீட்டு அடுப்பு 300 கிராமைத்தான் தாங்கும். அதில் 600 கிராமைக் கொட்டினால் கறி தன் நீரிலேயே வெந்து ரப்பராகிவிடும். நான்கு பேருக்கு என்றால் இரண்டு முறை செய்யுங்கள். ஒரு முறைக்கு ஐந்தாறு நிமிடம்தானே.

கறி முழுக்க வெந்து ஆங்காங்கே சிவந்ததும் சாஸ் கலவையை வாணலியின் ஓரமாகச் சுற்றி ஊற்றுங்கள். சூடான இரும்பில் பட்டு அது லேசாகத் தீய்ந்து மணக்கும். ஒரு நிமிடம் கிளறினால் கறி பளபளவென்று ஆகிவிடும். மிகவும் வறண்டு தெரிந்தால் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளிக்கலாம். சோற்றில் பிசைய அந்த ஈரம் வேண்டும். குழம்பாகிவிடக் கூடாது.

அடுப்பை அணையுங்கள். அணைத்த பிறகே துளசி. எல்லா இலைகளையும் ஒரே தடவையில் கொட்டி, நான்கைந்து முறை புரட்டுங்கள். வாணலியின் சூட்டிலேயே இலை சுருண்டு துவண்டுவிடும். தீயில் வைத்துக் கிளறினால் அந்த மணமெல்லாம் ஆவியாகி அடுக்களையில்தான் இருக்கும், தட்டில் இருக்காது.

காய்கறி சேர்க்கலாமா?

தாய்லாந்திலேயே ஓயாத சண்டை இது. காராமணிக் காயை நறுக்கிப் போடும் கடைகள் நிறைய உண்டு. வெங்காயம், பேபி கார்ன் போடுபவர்களும் உண்டு. கப்ராவில் காய்கறிக்கு வேலையில்லை என்று கொதித்தெழுபவர்களும் அங்கே ஏராளம். நான் இவர்கள் பக்கம். முதல்முறை செய்பவர்கள் கறியையும் துளசியையும் மட்டும் வைத்துச் செய்து பாருங்கள். வெங்காயம் நீர் விடும், இனிப்பைக் கூட்டும், வறுவலின் கூர்மையை மழுக்கும். காராமணிக்காய் பிடிக்குமென்றால் தனியாக ஒரு நிமிடம் வதக்கி வைத்துக்கொண்டு சாஸோடு சேருங்கள்.

பரிமாறும்போது

சோற்றைக் கவிழ்த்து, பக்கத்தில் வறுவல், மேலே முட்டை. தொட்டுக்கொள்ள பிரிக் நாம் பிளா வேண்டும்: 3 மேசைக்கரண்டி மீன் சாஸில் நான்கு மிளகாயை வட்டமாக நறுக்கிப் போட்டு, இரண்டு பல் பூண்டைச் சீவிச் சேர்த்து, அரை எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது. முட்டையின் மேல் இதில் ஒரு தேக்கரண்டி விட்டு மஞ்சள்கருவை உடைத்துச் சோற்றோடு பிசைந்துகொள்ளுங்கள். காரம் அதிகமாகிவிட்டால் வெள்ளரித் துண்டுகள் கடித்துக்கொள்ள உதவும். தண்ணீர் குடிப்பதால் பயனில்லை.

மீந்த வறுவல் குளிர்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும். சூடு செய்யும்போது பழைய இலைக்கு மணம் இருக்காது. அடுப்பை அணைத்ததும் புதிதாக ஒரு கை துளசியைக் கிள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.