ஒரே கார்டில் ஆறு பேர்: ஸ்டீம் விளையாட்டுகளை வீட்டோடு பகிர்ந்துகொள்வது எப்படி?

கொஞ்ச நாள் முன்பு வரை திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக்கே ஒரே ஒரு ஸ்டீம் அக்கவுண்ட்தான் (ஸ்டீம் என்பது கம்ப்யூட்டர் கேம்களை வாங்கி ஆடும் ஆன்லைன் கடை), என்னுடையது. பாஸ்வேர்ட் எல்லாருக்கும் தெரியும். நான் கடையில் ஆளோடு பேசிக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கும் அக்கா பையன் போன் பண்ணுவான்: "மாமா, அந்த அஞ்சு எழுத்தைச் சொல்லுங்க." என் போனில் வரும் லாகின் கோடைத்தான் கேட்கிறான். நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் படிப்பதற்குள் அது மாறிப்போயிருக்கும், ஏனென்றால் அதன் ஆயுள் முப்பது நொடிதான். ஒருவர் ஆடும்போது இன்னொருவர் வேறு கம்ப்யூட்டரில் ஆட்டத்தைத் திறந்தால் முதல் ஆள் வெளியே வர வேண்டியதுதான். இதெல்லாம்கூடப் போகட்டும். என் மகள் ஒரு கேமில் மூன்று வாரம் உட்கார்ந்து வளர்த்த பண்ணையின் மேல் இவன் புது ஆட்டத்தை சேவ் பண்ணிவிட்டான். அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஸ்டீமில் இதற்கென்றே 'ஸ்டீம் ஃபேமிலீஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. 2024 செப்டம்பரில் எல்லாருக்கும் வந்தது. அதற்கு முன் 2013 முதல் இருந்த பழைய பகிர்வில், நீங்கள் ஏதாவது ஒரு கேமைத் திறந்தாலே உங்கள் லைப்ரரி, அதாவது நீங்கள் வாங்கி வைத்திருக்கும் கேம்கள், முழுவதும் மற்றவர்களுக்குப் பூட்டிக்கொள்ளும். இப்போது அப்படி இல்லை. நான் கார் கேம் ஆடலாம், அதே நேரம் என் மகள் என் லைப்ரரியிலிருந்தே பண்ணை கேமை ஆடலாம். ஒரே கேமை இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆட வேண்டுமானால் மட்டும் வீட்டில் அதற்கு இரண்டு பிரதி வாங்கியிருக்க வேண்டும். சேவ் ஃபைல், அச்சீவ்மென்ட் எல்லாம் அவரவருக்குத் தனி. எங்கள் வீட்டுச் சண்டை தீர அந்த ஒன்று போதும்.

இதை ரேஷன் கார்டு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கார்டில் ஆறு பேர் வரை. ஒருவர் பெயர் ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் இருக்க முடியாது. பெரியவர், குழந்தை என்று இரண்டு வகை உறுப்பினர்கள்.

ஆரம்பிக்கும் முன்

ஆளுக்கு ஒரு ஸ்டீம் அக்கவுண்ட் வேண்டும். அக்கவுண்ட் தொடங்கப் பணம் எதுவும் கட்ட வேண்டாம். ஆனால் 13 வயது முடிந்திருக்க வேண்டும் என்பது ஸ்டீமின் விதி. ஆளுக்கு ஒரு இமெயிலும் தேவை. எங்கள் வீட்டில் அதிக நேரம் எடுத்தது அக்கா பையன் தன் இமெயில் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்கத்தான்.

அப்புறம், எல்லாரையும் உங்கள் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் புதியவர்கள் மாட்டும் இடம் ஒன்று உண்டு. குறைந்தது ஐந்து டாலர் மதிப்புக்கு எதுவும் வாங்காத அக்கவுண்டிலிருந்து ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்ப முடியாது. அதனால் கேம் வாங்கியிருக்கும் உங்கள் அக்கவுண்டிலிருந்து நீங்கள் அனுப்புங்கள், அவர்கள் ஏற்றுக்கொள்ளட்டும்.

குடும்பத்தை உருவாக்குதல்

1. கம்ப்யூட்டரில் ஸ்டீமைத் திறந்து, மேலே வலது பக்கம் உங்கள் பெயரை அழுத்தி 'அக்கவுண்ட் டீடெய்ல்ஸ்' போங்கள்.

2. அதில் 'ஃபேமிலி மேனேஜ்மென்ட்' இருக்கும். அதற்குள் 'கிரியேட் எ ஃபேமிலி'. ஒரு பெயர் கேட்கும். நாங்கள் வீட்டுப் பெயரையே வைத்தோம்.

3. அதே பக்கத்தில் உறுப்பினரை அழைக்கும் பட்டன் இருக்கும். ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டிலிருந்து ஆளைத் தேர்ந்தெடுத்து, 'அடல்ட்' அல்லது 'சைல்ட்' என்று குறித்து அனுப்புங்கள். இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். பெரியவராகச் சேர்ப்பவர் மற்ற ஆட்களை அழைக்கலாம், குழந்தைகளின் கட்டுப்பாடுகளையும் மாற்றலாம். என் அக்கா பையன் தன்னை 'அடல்ட்' என்று போடச் சொல்லி ஒரு மணி நேரம் வாதாடினான். பதினாறு வயது. போடவில்லை.

4. அழைப்பு வந்தவர் தன் அக்கவுண்டில் நுழைந்து அதே ஃபேமிலி பக்கத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும். எல்லாரையும் ஒரே நேரத்தில் வீட்டில் உட்காரவைத்துச் செய்துவிடுவது நல்லது.

அவ்வளவுதான். உங்கள் கேம்கள் அவர்கள் லைப்ரரியிலும் அவர்களுடையவை உங்கள் லைப்ரரியிலும் வந்து நிற்கும்.

யாரைச் சேர்ப்பது?

மேலே சொன்னது பத்து நிமிஷ வேலை. யோசிக்க வேண்டியது இங்கேதான், நான் கோட்டைவிட்டதும் இங்கேதான்.

எங்கள் வீட்டில் நான், தம்பி, மகள், அக்கா பையன் என்று நாலு பேர். இரண்டு இடம் காலி. பாண்டிச்சேரியில் இருக்கும் நண்பர் கேட்டார், தீபாவளி சமயத்தில் பெரிய மனசோடு ஓர் இடத்தைக் கொடுத்துவிட்டேன். பொங்கலுக்குள் அவருடைய அண்ணன் தன் வீட்டில் ஒரு ஃபேமிலி ஆரம்பிக்க, இவர் எங்களிடமிருந்து விலகிக்கொண்டார். விலகிய பிறகுதான் இருவருக்கும் விதி தெரிந்தது. ஒரு குடும்பத்தில் சேர்ந்தவர் விலகினால், சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருஷம் முடியும் வரை வேறு குடும்பத்தில் சேரவோ புதிதாகத் தொடங்கவோ முடியாது. அவர் விட்டுப்போன இடத்துக்கும் அதே ஒரு வருஷக் கணக்கு. ஆக, அவரால் அண்ணன் ஃபேமிலியில் சேர முடியவில்லை, என்னால் அந்த இடத்தில் வேறு யாரையும் சேர்க்க முடியவில்லை. இரண்டு பேரும் அடுத்த தீபாவளிக்குக் காத்திருக்கிறோம். ரேஷன் கார்டிலாவது ஒன்றில் பெயரை நீக்கினால் அடுத்ததில் சேர்த்துக்கொள்ளலாம்!

தப்பு என்னுடையதுதான். இந்த வசதி ஒரே வீட்டில் இருக்கும் நெருங்கிய குடும்பத்துக்கு என்று ஸ்டீம் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. எல்லாரும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும் என்பதும் விதி. பாண்டிப் பக்கம் பாதி வீடுகளுக்கு பிரான்ஸில் ஒரு கிளை இருக்கும். அங்கிருந்து ஆகஸ்ட் லீவுக்கு வரும் சித்தப்பா பையனைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அவர் இங்கே திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் அவர் அக்கவுண்டின் ஸ்டோர் பிரான்ஸில்தான் இருக்கிறது.

நண்பர்களை யோசிக்காமல் சேர்க்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் பிரதியை வைத்து ஆடும் ஒருவர் ஏமாற்றி ஜெயிக்க உதவும் 'சீட்' சாஃப்ட்வேர் போட்டுப் பிடிபட்டால், அந்த கேமில் உங்களுக்கும் தடை விழலாம். இதுவரை கேம் வாங்கக் கொட்டிய பணத்தை நினைத்துக்கொண்டு ஆளைத் தேர்ந்தெடுங்கள்.

குழந்தை அக்கவுண்ட்

அதே ஃபேமிலி பக்கத்தில் குழந்தையின் பெயரை அழுத்தினால் கட்டுப்பாடுகள் வரும். எந்தெந்த கேம் தெரியலாம், ஸ்டோர் வேண்டுமா, சாட் வேண்டுமா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று எல்லாவற்றையும் குறிக்கலாம். என் மகளுக்குப் பள்ளி நாளில் ஒரு மணி நேரம், ஞாயிறு மூன்று. கூடுதல் நேரம் வேண்டுமானால் அவள் அங்கிருந்தே கேட்பாள், நான் போனில் சரி என்றோ இல்லை என்றோ சொல்லலாம். கேம் வாங்குவதும் இப்படித்தான்: அவள் கார்ட்டில் போட்டு அனுப்புவாள், பணம் கட்டுவது நான். ஏடிஎம் கார்டு நம்பரைக் குழந்தையிடம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. குழந்தை உறுப்பினர் தானாக விலக முடியாது என்பதையும் அக்கா பையனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பகிர முடியாதவை

எல்லா கேமும் வராது. ஸ்டீம் தவிர வேறு கம்பெனியின் அக்கவுண்டோ சந்தாவோ கேட்கும் கேம்கள் பல வராது. தயாரிப்பாளர் வேண்டாம் என்று சொன்னவையும் வராது. வாங்கும் முன் ஸ்டோர் பக்கத்தில் வலது ஓரம் 'ஃபேமிலி ஷேரிங்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டோட்டா 2, கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி இலவச கேம்களைப் பகிரத் தேவையே இல்லை, அவரவர் அக்கவுண்டில் இறக்கிக்கொள்ளலாம்.

டவுன்லோடு

பகிர்ந்தாலும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் கேமை இறக்கித்தான் ஆக வேண்டும். 60 ஜிபி கேமை நாலு பேர் இறக்கினால் மாத டேட்டா என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. செட்டிங்ஸில் 'டவுன்லோட்ஸ்' போய், லோக்கல் நெட்வொர்க்கில் கேம் அனுப்பும் வசதியை ஃப்ரெண்ட்ஸுக்கு என்று மாற்றுங்கள். ஒரே வைஃபையில் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஸ்டீம் ஓடிக்கொண்டிருந்தால், ஒன்றில் இருக்கும் கேம் மற்றதற்கு வீட்டுக்குள்ளேயே போய்விடும். முதல் முறை தம்பி அறைக்குப் போனபோது, நெட்டில் ராத்திரி முழுக்க இறங்கும் கேம் டீ குடித்து முடிப்பதற்குள் இறங்கியிருந்தது.

அப்படியானால் நண்பருக்கு?

'ரிமோட் ப்ளே டுகெதர்' போதும். ஒரே திரையில் சேர்ந்து ஆடும் கேமாக இருந்தால், நீங்கள் ஒருவர் வாங்கியிருந்தால் போதும். கேமைத் திறந்து, ஷிஃப்டையும் டேப்பையும் சேர்த்து அழுத்தி, ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டில் அவர் பெயரை ரைட் கிளிக் செய்தால் 'ரிமோட் ப்ளே டுகெதர்' என்றே ஆப்ஷன் இருக்கும். கேம் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும், அவருக்குப் படம் மட்டும் போகும். உங்கள் நெட்டின் அப்லோடு வேகம் நன்றாக இருந்தால் தடங்கல் இருக்காது.

பாண்டி நண்பரும் நானும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இப்படித்தான் ஆடுகிறோம். காலியாக இருக்கும் இன்னோர் இடத்தில் தம்பி மனைவியைச் சேர்ப்பதாகப் பேச்சு. பண்ணை கேமுக்கு அவர் பெயரில் இரண்டாவது பிரதி வாங்க வேண்டும் என்று இப்போதே மகள் சொல்லி வைத்திருக்கிறாள்.