நாலு வரியில் கடையைச் சொல்வது: சிறு வியாபாரிகளுக்கு ஒரு செய்முறை

மதுரையில் சின்னதாக ஒரு கடையோ வீட்டுத் தொழிலோ வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்புவீர்கள், இன்ஸ்டாகிராமில் படம் போடுவீர்கள், கூகுளில் யாராவது ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது. மக்கள் தொடர்பு என்றால் பெரிய கம்பெனிக்காரர்கள் ஆள் வைத்துச் செய்கிற வேலை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. நம் அளவுக்கு அது வாடிக்கையாளர் போனுக்குப் போகிற நாலு வரிதான்.

அந்த நாலு வரிக்கு நான் வைக்கும் விதி ஒன்றே ஒன்று: படிக்கிறவர் கேட்கப்போகும் கேள்விக்கு, அவர் கேட்கும் முன்பே அதில் பதில் இருக்க வேண்டும். சரக்கு நன்றாக இருக்கும் நாளிலும் சரி, வேலை சொதப்பின நாளிலும் சரி.

உதாரணத்துக்குத் தெப்பக்குளம் பக்கம் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கும் ஒருவரை வைத்துக்கொள்வோம். நீங்கள் அப்பளம் போடுகிறவராக இருந்தாலும், செக்கு எண்ணெய் ஆட்டுகிறவராக இருந்தாலும் இதே முறைதான்.

படி 1: யாருக்கு, எதற்கு

போனில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே மெசேஜைத் தட்டிவிடுவதுதான் முதல் கோளாறு. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் லேபிள் போடும் வசதி உண்டு. மூன்று லேபிள் போதும்: ஏற்கெனவே வாங்கியவர்கள், விலை கேட்டுவிட்டுப் போனவர்கள், மொத்தமாக எடுக்கும் கடைக்காரர்கள். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு ஐம்பது சேலையின் மொத்த விலையும் கடன் தவணையும் வேண்டும். மகளுக்கு வளைகாப்பு வைத்திருக்கும் அக்காவுக்கு நிறமும் தேதியும் வேண்டும். இருவருக்கும் ஒரே மெசேஜ் போனால் இருவருமே பதில் போட மாட்டார்கள்.

ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். அதனால் சேலையைக் கையில் கொடுக்கும்போதே, "நம்பரைப் பதிஞ்சு வச்சுக்கங்க, புதுசு வந்தா அனுப்புறோம், அனுப்பலாமில்ல?" என்று கேட்டுவிடுங்கள். எண் பதிந்த மாதிரியும் ஆச்சு, அனுமதி வாங்கின மாதிரியும் ஆச்சு. கேட்காமல் குரூப்பில் இழுத்துப் போடாதீர்கள்.

படி 2: முதல் வரியில் விஷயம்

பலர் அனுப்புவது இப்படி இருக்கும்:

"அனைவருக்கும் இனிய காலை வணக்கம்!!! எங்கள் நிறுவனத்தின் சார்பாக அன்பான வாடிக்கையாளர்களுக்கு ஓர் மகிழ்ச்சியான அறிவிப்பு. புத்தம் புதிய டிசைன்களில் சேலைகள் வந்து இறங்கியுள்ளன. முந்துங்கள்! விலைக்கு இன்பாக்ஸ் வரவும்."

பூட்டிய போனின் திரையில் தெரிவது முதல் ஒன்றிரண்டு வரிதான். இதில் தெரிவது வணக்கமும் நிறுவனமும். வீட்டுத் திண்ணையில் வைத்து விற்பவர் எதற்கு 'நிறுவனத்தின் சார்பாக' என்று எழுத வேண்டும்? அதோடு 'விலைக்கு இன்பாக்ஸ்' என்ற வார்த்தை எனக்கு ஆகவே ஆகாது. ஆளைப் பார்த்து விலை சொல்வார்களோ என்ற சந்தேகத்தை அதுவே கிளப்பிவிடும்.

அதையே இப்படி மாற்றுங்கள் (விலையெல்லாம் உதாரணத்துக்குத்தான்):

"கட்டுச் சுங்குடி, புது நிறம் 6 வந்திருக்கு. விலை ரூ.1,850.
கையால் முடிச்சுப் போட்டது, பருத்தி. சேலை நீளம் ஐந்தரை மீட்டர், பிளவுஸ் துணி சேராது.
நேரில் வாங்க: தெப்பக்குளம், காலை 10 முதல் இரவு 8 வரை. வெளியூருக்கு கூரியர் ரூ.80.
பிடிச்ச நிறத்தோட நம்பரை மட்டும் இதே எண்ணுக்கு அனுப்புங்க, எடுத்து வைக்கிறோம்."

இதை வரி வரியாகப் பாருங்கள். என்ன, எவ்வளவு என்பது முதல் வரியிலேயே முடிந்துவிட்டது. 'பிளவுஸ் சேர்த்தா?' என்று ஊர் முழுக்கக் கேட்கும் கேள்விக்கு இரண்டாம் வரி பதில் சொல்கிறது. கடைசி வரி அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. அதுவும் ஒரே ஒரு வேலை. படத்தில் ஒவ்வொரு சேலைக்கும் நம்பர் போட்டிருந்தால், 'அந்த ரெண்டாவது வரிசையில மூணாவதா இருக்கே, அது' என்ற அரைமணி நேரப் பஞ்சாயத்து மிச்சம்.

படி 3: இருப்பதை மட்டும் சொல்லுங்கள்

மதுரைச் சுங்குடிக்கு 2005லும் மதுரை மல்லிக்கு 2013லும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்கு ஒரு மதிப்பு இருப்பதால்தான் எல்லாரும் அதைப் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்து, பிறகு பிரித்தால் வருகிற புள்ளி வேறு. மெழுகு அச்சிலும் பிரிண்டிலும் வருகிற புள்ளி வேறு. பிரிண்ட் சேலை விற்பதில் தப்பே இல்லை. விலை குறைவு, தினப்படி கட்ட வசதி என்று அதற்கும் ஆள் இருக்கிறது. பிரிண்ட்டைக் கட்டு என்று எழுதுவதுதான் தப்பு. 'சுங்குடி டிசைன் பிரிண்ட்' என்றே எழுதுங்கள்.

'நம்பர் 1', '100 சதவீதம் சாயம் போகாது' வகையறாவும் வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், பக்கத்துத் தெருக்காரரே சிரிப்பார்.

படி 4: நடை

கடையில் வாயால் எப்படிச் சொல்வீர்களோ அப்படி எழுதுங்கள். 'தங்களது மேலான ஆதரவை நாடும்' என்று யாரும் கல்லாவில் உட்கார்ந்து பேசுவதில்லை. தெரிந்தவருக்கு அக்கா, அண்ணே. அலுவலகமாக வாங்குபவருக்கு சார், மேடம். ஒரே மெசேஜில் 'நீங்க' என்று ஆரம்பித்துத் 'தாங்கள்' என்று முடிக்காதீர்கள். ஆச்சரியக்குறி ஒன்றுக்கு மேல் போட்டால் சத்தம் போடுகிற மாதிரி இருக்கும். முக்கியமான வார்த்தைக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டால் வாட்ஸ்அப்பில் தடித்த எழுத்தாகும். விலைக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழில் 70தான், புள்ளியும் கொம்பும் காலும்கூடத் தனித்தனியாக அந்தக் கணக்கில் சேரும். வணக்கத்துக்கும் நன்றிக்கும் அங்கே இடமே கிடையாது.

படி 5: நேரம்

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று விடியற்காலையில் சேலை விளம்பரம் அனுப்பினால், அழகர் படங்களுக்கு அடியில் அது மூழ்கிப்போகும். விழாவுக்குப் புதுச் சேலை எடுக்கிறவர் அதற்கு வெகு முன்பே எடுத்திருப்பார். கொடியேற்றத்துக்கு முன்னால் அனுப்புங்கள். முகூர்த்தமும் அப்படித்தான்: வைகாசிக் கல்யாணத்துக்குப் பங்குனியிலேயே பேச்சு ஆரம்பித்துவிடும்.

தினமும் காலை வணக்கப் படம் அனுப்பும் கடையை ஒரே வாரத்தில் மியூட்டில் போட்டுவிடுவார்கள். அப்புறம் நல்ல செய்தி அனுப்பினாலும் காதில் விழாது. சொல்ல ஏதாவது இருக்கும்போது மட்டும் அனுப்புங்கள்.

படி 6: சொதப்பினால் என்ன எழுதுவது

உண்மையான மக்கள் தொடர்பு இங்கேதான் இருக்கிறது, ஆகையால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்ன மூன்று சேலை தயாராகவில்லை என்று வையுங்கள். பெரும்பாலானவர்கள் வெள்ளி ராத்திரி வரை வாயைத் திறக்க மாட்டார்கள். அவரே கேட்ட பிறகு, 'தவிர்க்க முடியாத காரணங்களால் தாமதம்' என்று ஒரு வரி போடுவார்கள். அந்தக் காரணம் என்ன என்று அவர் கேட்கத்தான் செய்வார். வியாழக்கிழமை காலையிலேயே இதை அனுப்பிவிடுங்கள்:

"அக்கா, வணக்கம். உங்க மெரூன் சுங்குடி 3 சேலையும் நாளைக்குத் தர முடியலை. மழையில சாயம் காயலை. செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்கே கொண்டுவந்து தர்றோம். ஞாயிற்றுக்கிழமை விசேஷத்துக்கே வேணும்னா அதே நிறத்துல பிரிண்ட் சேலை இருக்கு, படம் அனுப்புறேன். ரெண்டும் வேண்டாம்னா முன்பணத்தை இன்னைக்கே திருப்பிடுறோம். மன்னிச்சுக்கங்க."

கெட்ட செய்தி முதலிலேயே வந்துவிட்டது. காரணம் மூன்றே வார்த்தை. புதுத் தேதி இருக்கிறது. அவர் தேர்ந்தெடுக்க வழியும் இருக்கிறது. மன்னிப்பு ஒரு தடவைதான். பத்து தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தேதி சொல்லாவிட்டால் அவருக்குக் கோபம்தான் ஏறும். செவ்வாய் என்று எழுதும் முன் சாயக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டாவது தேதியும் தப்பினால் எந்த மெசேஜும் காப்பாற்றாது.

அடுத்தது கூகுள் விமர்சனம். "முதல் துவைப்புலேயே சாயம் போச்சு. ஏமாத்து வேலை" என்று ஒற்றை நட்சத்திரம். படித்த கையோடு பதில் அடிக்காதீர்கள், ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். 'எங்கள் கடையில் இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை' என்று தொடங்கினால், அவரைப் பொய்யர் என்கிறீர்கள். பதிலை அவர் மட்டும் படிக்கப் போவதில்லை. நாளைக்கு வாங்கலாமா என்று யோசிக்கும் எல்லாரும் படிப்பார்கள். அவர்களையும் மனதில் வைத்து எழுதுங்கள்:

"சாயம் போனதுக்கு வருந்துறோம். அடர் நிறச் சுங்குடி முதல் ஒன்றிரண்டு துவைப்பில் கொஞ்சம் சாயம் விடும். அதை விற்கும்போதே சொல்லியிருக்கணும், சொல்லாதது எங்க தப்பு. சேலையோட படத்தை எங்க வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்க. சேலை வெளுத்திருந்தா மாத்தித் தர்றோம்."

வாங்கியவரின் பெயர், போன் எண், பில் விவரம் எதையும் அந்தப் பதிலில் போடாதீர்கள். மீதிப் பேச்சு தனியாக நடக்கட்டும். அவர் மனம் ஆறிய பிறகு விமர்சனத்தை மாற்றினால் நல்லது, மாற்றச் சொல்லி நச்சரிக்க வேண்டாம். மச்சான், கொழுந்தியாளை விட்டு ஐந்து நட்சத்திரம் போட வைப்பதும் வேண்டாம். ஒரே நாளில் ஒரே மாதிரி வருகிற புகழ்ச்சியை யாரும் நம்புவதில்லை.

இனி படி 2ல் எழுதிய விற்பனை மெசேஜுக்குத் திரும்பிப் போய், "முதல் துவைப்பு தனியாக, உப்புத் தண்ணீரில் ஊற வைத்து" என்று ஒரு வரி சேருங்கள். புகாராக வந்ததெல்லாம் நீங்கள் முன்பே சொல்லாமல் விட்ட பதில்தான்.

படி 7: பத்திரிகைக்கு அனுப்பும்போது

சுங்குடி முடிச்சுப் பயிற்சி மாதிரி ஏதாவது நடத்துகிறீர்கள், நாளிதழின் மதுரைப் பதிப்பில் நாலு வரி வந்தால் நன்றாக இருக்கும் என்றால், போஸ்டரை மட்டும் படமாக அனுப்பாதீர்கள். அதிலிருந்து எழுத்தை எடுக்க நிருபர் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும். என்ன, எங்கே, எந்தத் தேதி, எத்தனை மணி, யார் கலந்துகொள்ளலாம், கட்டணம் உண்டா என்பதை யூனிகோடில் (போனில் தமிழில் தட்டும் அதே எழுத்தில்) தட்டி, கீழே பேசக்கூடிய ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால் தரம் குறையாது. உங்கள் கடை புகழை அவரே எழுதுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். அதற்கு விளம்பரப் பிரிவு தனியாக இருக்கிறது.

படி 8: தட்டிவிடும் முன்

வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியம் நீளம், வெட்டுங்கள். வீட்டில் இன்னொருவர் போனுக்கு அனுப்பிப் பாருங்கள், படம் எப்படித் தெரிகிறது, லிங்க் திறக்கிறதா என்று. வாட்ஸ்அப்பில் அனுப்பிய மெசேஜை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், ஆனால் அதற்குள் படித்தவர் படித்திருப்பார். தேதியையும் கிழமையையும் காலண்டரை வைத்துச் சரிபாருங்கள். விலையில் ஒரு சைபர் விட்டுப்போனால் அந்த விலைக்கே கேட்டு வருவார்கள். ஜிபே எண்ணை மட்டும் நினைவிலிருந்து அடிக்காமல், பழைய மெசேஜிலிருந்து காப்பி செய்து ஒட்டுங்கள்.