அவர்கள் அடுப்பில் சமையுங்கள்

கிராமங்களுக்குப் போய் நல்ல சாப்பாட்டையும் வீட்டுச் சமையலையும் பற்றிப் பேச விரும்பும் தொண்டர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: காய்கறி வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் எதையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அன்று காலையில் அந்த வீட்டில் என்ன இருக்கிறதோ அதை வைத்து, அவர்கள் அடுப்பில், அவர்கள் சட்டியில் சமைத்துக் காட்டுங்கள்.

நான் பர்மாவில், பெகு வட்டாரத்தில், ரங்கூனிலிருந்து மண்டலைக்குப் போகும் ரயில் பாதையை ஒட்டிய ஒரு கிராமத்தில் பிறந்து வளர்ந்தவள். முப்பது ஆண்டுகள் தையல் வேலை பார்த்தேன். கடந்த ஒன்பது ஆண்டுகளாக எங்கள் மாரியம்மன் கோயில் பெண்கள் ஐந்து பேருடன் சுற்றுப்புறத் தமிழ்க் குடும்பங்களுக்கும் அவர்களுடைய பர்மிய அண்டை வீடுகளுக்கும் போய் வருகிறேன். அம்மா அறுபத்தோரு வயதில் பக்கவாதத்தில் விழுந்தார். அவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. மூன்று ஆண்டுகள் படுக்கையிலேயே கிடந்தவருக்கு உப்புக் குறைத்த கஞ்சி காய்ச்சிக் கொடுத்தபோதுதான், நாற்பது ஆண்டுகளாக அந்த வீட்டில் எவ்வளவு உப்புப் போட்டோம் என்று முதன்முறையாகக் கணக்குப் பார்த்தேன்.

முதல் கூட்டத்துக்கு ரங்கூனில் ஓர் அலுவலகத்தில் கொடுத்த வண்ணப் படத்தை எடுத்துப்போனேன். அதில் ஆப்பிள், புரோக்கோலி, ஒரு கண்ணாடிக் குவளையில் பால். கோயில் சுவரில் மாட்டி ஒரு மணி நேரம் பேசினேன். பின்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர், "ஆத்தா, அந்தப் பச்சைப் பூ எந்தச் சந்தையில் விற்கிறது?" என்று கேட்டார். அதே நேரத்தில் கோயிலுக்குப் பின்னால் இரண்டு முருங்கை மரங்கள் பறிப்பாரில்லாமல் இலை உதிர்த்துக்கொண்டிருந்தன. அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான்கு பேர் வந்தார்கள். அன்றோடு படத்தைச் சுருட்டிப் பரண்மேல் வைத்துவிட்டேன்.

எப்போது போவது என்பதில் தவறினால் மற்றதெல்லாம் தவறும். ஆனி, ஆடியில் பெண்கள் நடவு வயலில் நிற்பார்கள்; அந்த நாட்களில் அவர்களுடைய நேரத்தைக் கேட்பது நியாயமில்லை. அறுவடை முடிந்த பிறகு, தையும் மாசியும்தான் எங்களுக்குத் தோதான மாதங்கள். காலை ஏழரைக்கெல்லாம் வீட்டு வாசலில் இருங்கள். எங்கள் பக்கத்தில் பத்து மணிக்கே காலைச் சோறு. மதியம் மூன்று மணிக்குப் போனால் அடுப்படி கழுவித் துடைத்திருக்கும், உங்களுக்குப் பேச்சைத் தவிர வேறு வழி இருக்காது.

யார் வீட்டில் சமைப்பது? ஆர்வத்தோடு முன்வரும் இளம் மருமகளின் பெயரைத்தான் ஊரில் முதலில் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். அந்த வீட்டில் குழம்புக்கு உப்புப் போடுவது யாருடைய கை என்று விசாரியுங்கள். பெரும்பாலும் மாமியாருடையதாக இருக்கும். அவரிடம் போய், "அத்தை, உங்கள் அடுப்பில் ஒரு நாள் சமைக்க இடம் கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். பர்மிய வீடாக இருந்தால் வயதுக்கேற்ப 'அமா' (அக்கா) என்றோ 'அடோ' (அத்தை) என்றோ கூப்பிடுங்கள். மாமியாரைத் தாண்டி மருமகளுக்குக் கற்றுக்கொடுத்தால் நீங்கள் ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பெண் தனியாக மாட்டிக்கொள்வாள். அப்படி ஒருத்தி அழுததைப் பார்த்திருக்கிறேன். அது என்னால் வந்த அழுகை.

உங்கள் பையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: ஒரு மேசைக்கரண்டி, ஒரு தேக்கரண்டி, ஒரு காலிப் பால் டின், கொஞ்சம் சிவப்பு நூல். சுண்டக் காய்ச்சிய பால் வந்த அந்த டின்தான் எங்கள் ஊர் அளவு. எட்டு டின் சேர்ந்தால் ஒரு பியி. அரிசிக் கடையிலும் அப்படித்தான் அளக்கிறார்கள். நீங்கள் கிராம் என்று சொன்னால் தலையாட்டுவார்கள். அரை டின் என்று சொன்னால் மறுநாள் செய்வார்கள்.

எண்ணெயிலிருந்து தொடங்குங்கள். பர்மாச் சமையலில் 'சீப்யான்' என்று ஒரு பக்குவம் உண்டு. வெங்காயம், பூண்டு, மிளகாய், மஞ்சள் இடித்துப் போட்டு, கறியிலுள்ள தண்ணீர் வற்றி எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை விடுவது. மேலே நிற்கும் அந்த எண்ணெய், கறி கெடாமல் ஈ மொய்க்காமல் காத்தது. குளிர்பெட்டி இல்லாத வீட்டுக்கு அது பெரிய உதவி. விருந்தாளிக்கு எண்ணெய் மிதக்காத கறியைப் பரிமாறுவது குறைவு என்ற எண்ணமும் இருக்கிறது. நாங்களும் இங்கே நான்கு தலைமுறையாக அதைப் பழகிவிட்டோம். ஆகவே எண்ணெய் கெடுதல் என்று வாயைத் திறக்காதீர்கள். கணக்கை மட்டும் அவர்கள் முன் வையுங்கள்.

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் தாராளம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்குப் பத்துக் கரண்டி. ஒரு வீசை, அதாவது 1.63 கிலோ, அந்தக் கணக்கில் 12 நாட்கள் வர வேண்டும். "உங்கள் வீட்டில் ஒரு வீசை எத்தனை நாள் வருகிறது, அத்தை?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ஐந்து நாள் என்று ஒருவர் சொல்வார், நான்கு என்று இன்னொருவர் சொல்வார். கடலை எண்ணெய் கட்டுப்படியாகாமல், கப்பலில் வரும் பாமாயிலுக்கு மாறிய வீடுகளே இப்போது அதிகம். எனவே உடம்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே பணத்தின் கணக்கு அவர்களுக்குப் புரிந்துவிடும்.

பிறகு செய்துகாட்டுங்கள். கோழியோ மீனோ காய்கறியோ, அன்று இருப்பதை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கை அத்தை தம் வழக்கப்படி சமைக்கட்டும். மற்றதை நீங்கள் மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் சமையுங்கள். மசாலாவை அம்மியில் நன்றாக மையாக அரையுங்கள், இதில் சோம்பல் கூடாது. மூன்று கரண்டியில் வதக்கும்போது அடிபிடிக்கத் தொடங்கும். அப்போது எண்ணெய்ப் போத்தலுக்குக் கை போகாமல், ஒரு கரண்டி சுடுதண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். மறுபடி பிடித்தால் மறுபடி தெளியுங்கள். வெங்காயம் கரைந்து பச்சை வாசனை போவதற்குக் கால் மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகுதான் கறியைப் போட வேண்டும். கோழியாக இருந்தால் அதன் கொழுப்பே உருகி மேலே கொஞ்சம் மினுமினுப்புக் காட்டும், அத்தையின் கண் அதைத்தான் தேடும். இரண்டு சட்டியையும் மூடிவைத்து, வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் வந்ததும் எது எவருடையது என்று சொல்லாமல் பரிமாறுங்கள். சித்தாங் ஆற்றுப் பக்கத்தில் ஒரு வீட்டில், மகன் என் சட்டியிலிருந்து இரண்டாம் முறை போட்டுக்கொண்டதைப் பார்த்துவிட்டு, அத்தை ஒன்றும் சொல்லாமல் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்து என் முன் வைத்து, "எங்கே கோடு போடுவது என்று காட்டு" என்றார். சிவப்பு நூல் அதற்குத்தான். 12 நாளைக்கு வர வேண்டிய எண்ணெயில் பாதி குறையும் இடத்தில், போத்தலின் வெளியே நூலைக் கட்டுங்கள். ஆறாம் நாள் அந்த நூலுக்குக் கீழே இறங்கியிருந்தால் கை தாராளமாகிவிட்டது என்று பொருள்.

உப்பு இதைவிடக் கடினம், ஏனென்றால் அது பல பெயர்களில் உள்ளே வருகிறது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது தட்டின ஒரு தேக்கரண்டிக்குள், என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. அந்த ஒரு கரண்டிக்குள் ஙாப்பி என்னும் புளிக்கவைத்த மீன் விழுது, கருவாடு, மீன் சாறு எல்லாம் அடக்கம். ஆகவே எங்கள் வழி இது: நான்கு பேர் வீட்டில் காலையில் இரண்டே தேக்கரண்டி உப்பை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட வேண்டும். அன்றைய சமையல் முழுவதற்கும் அவ்வளவுதான். மீதிப் பாதி ஙாப்பியிலும் கருவாட்டிலும் வந்துவிடும். முதல் நாளே இந்த அளவுக்கு இறங்கினால் யாரும் சாப்பிட மாட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், நாக்கு தானாகப் பழகும். புளிப்பு உங்களுக்குத் துணை. பர்மியர்கள் சின்பௌங் என்று சொல்லும் புளிச்சக்கீரை எங்கள் வேலிகளில் ஆண்டு முழுவதும் கிடைக்கும். அதைப் போட்ட குழம்பில் உப்புக் குறைந்தது தெரியாது.

'இனிப்பு மாவு' என்று பர்மியர்கள் சொல்லும் அச்சோமொங், அதாவது அஜினமோட்டோ, இல்லாத கடை கிடையாது. அதை நஞ்சு என்று பயமுறுத்தாதீர்கள். அதிலும் சோடியம் இருக்கிறது, உப்பில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆகவே போடுகிறவர்கள் ஒரு சிட்டிகை போட்டு அதற்கேற்ப உப்பைக் குறைக்கட்டும். உண்மையை அளவோடு சொன்னால் அடுத்த முறை நீங்கள் சொல்வதையும் நம்புவார்கள்.

இனி அரிசி. இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மில்லில் வெள்ளையாகத் தீட்டிய அரிசியில் தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்து பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது. மிஞ்சியதையும் நான்கைந்து தண்ணீர் கழுவி, வடித்த கஞ்சியைக் கொட்டி, நாமே போக்கிவிடுகிறோம். பி1 குறைந்தால் வருவது பெரிபெரி. நூறு ஆண்டுகளுக்கு முன்பு மலாயாவில் வெள்ளரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு இந்நோய் ஏராளமாக வந்தது. புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கு மிகக் குறைவாகவே வந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. 1905-இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் பாதிப் பேருக்கு வெள்ளரிசியும் பாதிப் பேருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்து இதைக் கண்டார். எங்கள் தாத்தா பாட்டி கொண்டுவந்த பழக்கம் அது. இங்கே வெள்ளரிசிக்கு மாறியபோது அதைக் கைவிட்டுவிட்டோம். இரண்டு தண்ணீருக்கு மேல் கழுவ வேண்டாம், கஞ்சியைக் கொட்டாமல் தண்ணீர் அளந்து வைத்து வற்றவிடுங்கள், முடிந்தால் ஊர் மில்லில் அதிகம் தீட்டாத லோன்டீ அரிசி கேளுங்கள் என்று சொல்லுங்கள். ஙாப்பியைப் பச்சையாகத் தொட்டுக்கொள்ளாமல் கொதிக்கவைக்க வேண்டும். புளிக்கவைத்த பச்சை மீன் பி1-ஐ அழிக்கும். வெற்றிலை பாக்கும் கடுந்தேநீரும் அந்தச் சத்தைக் கெடுப்பதால், சோற்றுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விடச் சொல்லுங்கள்.

பிள்ளை பெற்ற வீடு ஊரில் இருந்தால் மற்ற வீடுகளை விட்டுவிட்டு அங்கே போங்கள். பத்தியம் என்று தாய்க்குச் சோறும் உப்பும் சுட்ட கருவாடும் மட்டும் கொடுக்கும் வீடுகள் தமிழரிடமும் உண்டு, பர்மியரிடமும் உண்டு. அந்தத் தாயின் பாலில் பி1 மிகக் குறைந்துவிடும். இரண்டு மூன்று மாதக் குழந்தை பால் குடிக்க மறுத்து, மூச்சு வாங்கி, அழுதால் சத்தமே வராமல் போகும். அந்த நிலையில் எந்தக் கைவைத்தியமும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், தாய் பத்தியத்தில் இருந்ததை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். பி1 ஊசி சில மணி நேரத்தில் குழந்தையை மீட்கும். அந்த நிலை வராமல் தடுக்க, பத்தியத்தை எதிர்க்காமல் பத்தியத்துக்குள்ளேயே வழி தேடுங்கள். உளுந்தங்களியும் பூண்டும் முருங்கைக்கீரையும் நம் பிள்ளைப்பேற்றுச் சாப்பாடுதானே என்று பாட்டியிடம் எடுத்துச் சொன்னால் பாட்டியே உளுந்தை நனைத்துவிடுவார். உலகத்துக்கே உளுந்து விற்கிற நாட்டில், மூட்டை மூட்டையாக அது இந்தியாவுக்குப் போகிற ஊரில், பெற்றவள் உளுந்து இல்லாமல் இருக்கக் கூடாது. முட்டையும் பச்சைப்பயறும் சேர்க்கலாம். சாப்பிடுகிறவர்கள் வீட்டில் பன்றி இறைச்சியிலும் இந்தச் சத்து மிகுதி.

பிள்ளைகளின் பொட்டலத் தின்பண்டங்களைப் பற்றிக் குறை சொல்வதைவிட, காலையில் கூவிக்கொண்டு வரும் பெபியோவை, அந்த முளைவிட்ட அவித்த பட்டாணியை, சோற்றோடு பிசைந்து கொடுக்கச் சொல்வது பலிக்கிறது. இன்னொன்று ஷான் தோஃபு. கடலை மாவு ஒரு பால் டின், தண்ணீர் மூன்று டின், மஞ்சள் ஒரு சிட்டிகை, உப்பு அரைத் தேக்கரண்டி. மாவை ஒரு டின் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மற்ற இரண்டு டின் தண்ணீர் கொதிக்கும்போது ஊற்றி, சிறுதீயில் கை ஓயாமல் பத்து நிமிடம் கிளறித் தட்டில் ஊற்றிவிட்டால், இரண்டு மூன்று மணி நேரத்தில் உறைந்துவிடும். துண்டு போட்டு, வல்லாரையும் வறுத்த நிலக்கடலைப் பொடியும் எலுமிச்சையும் சேர்த்துப் பிசைந்தால் பொரிக்க எண்ணெய் தேவையே இல்லை. மின்சாரம் வராத நாளிலும் விறகடுப்பில் ஆகும்.

பதினைந்து நாள் கழித்து மறுபடி போங்கள். போகாவிட்டால் முதல் நாள் செய்தது வீண். எப்படிச் சமைக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள், உங்களுக்காக நல்ல பதிலாகச் சொல்வார்கள். அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொடுங்கள். எண்ணெய்ப் போத்தலில் நூல் எங்கே இருக்கிறது, உப்புக் கிண்ணம் ஈரமாக இருக்கிறதா தூசி படிந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். தூசி படிந்திருந்தால் கோபப்படாமல், அன்றைக்கும் அந்த வீட்டில் இருப்பதை வைத்து இன்னொரு முறை சமையுங்கள். நூல் சரியான இடத்தில் இருந்தால் உங்கள் மேசைக்கரண்டியை அந்த அடுப்படி ஆணியில் மாட்டிவிட்டு வாருங்கள். அடுத்த ஊருக்குப் போகும்போது வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்.