திருச்சியில் விமானம் ஏறுவோர் சீட் விஷயத்தில் செய்யும் தவறுகள்

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ கார் ஏறி, திருச்சி விமான நிலையக் கவுண்டரில் நின்று "நல்ல சீட்டா பார்த்துக் குடுங்க" என்று கேட்பது பலருக்கு வழக்கம். அந்நேரத்தில் ஊழியர் கையில் மிச்சமிருப்பவை பெரும்பாலும் நடு சீட்டுகளும் கடைசி வரிசைகளும்தான். நல்ல சீட்டோ மேல் வகுப்போ, டிக்கெட் போடும் அன்றே பாதி முடிவாகிவிடுகிறது. தவறுகளும் அன்றே தொடங்குகின்றன.

எந்த ரக விமானம் என்று பார்க்காமல் அப்கிரேடு, அதாவது மேல் வகுப்புக்கு மாற்றம், எதிர்பார்ப்பதுதான் பெரிய தவறு. ஸ்கூட், ஏர் ஏஷியா போன்றவை திருச்சிக்கு ஓட்டும் ஏ320 ரக விமானங்களில் பிசினஸ் வகுப்பே இல்லை. முன்வரிசைக்கும், கால் நீட்ட இடமுள்ள வரிசைக்கும் கூடுதல் கட்டணம் கட்டலாம். அதற்கு மேல் அங்கே எதுவும் கிடையாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் சிட்னிக்கு பிசினஸ் எடுத்தாலும், திருச்சி–சிங்கப்பூர் பகுதியை ஸ்கூட் ஓட்டினால் அந்தப் பகுதியில் எகானமி சீட்தான் வரும். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸில் பிசினஸ் உண்டு. ஆனால் கொழும்பு வரைக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பறப்புதான். லண்டன் போகிறவர் மேல் வகுப்புக்கான காசைக் கொழும்பு–லண்டன் பகுதிக்கு வைத்துக்கொள்ளட்டும். மேல் வகுப்புக்கு எவ்வளவு தருவீர்கள் என்று டிக்கெட் எடுத்தவர்களிடம் கேட்கும் அப்கிரேடு ஏலத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகத் தொகை கேட்பார்கள் என்பதால் இது முடிகிற காரியம்.

அந்த ஏலத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் எழுதும் தொகை பொதுவாக ஓர் ஆளுக்கு, ஒரு பகுதிக்கு. ஒரே பி.என்.ஆரில் நாலு பேர் இருந்தால் அது நாலு மடங்காகும். ஏற்றுக்கொண்டால்தான் கார்டில் பணம் பிடிப்பார்கள், பிடித்தபின் திரும்ப வராது. ஏற்கெனவே சீட்டுக்குக் கட்டிய கட்டணம் திரும்புமா, லக்கேஜ் அளவு கூடுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பட்டனை அழுத்துமுன் இந்த இரண்டையும் படித்துவிடுங்கள்.

ஊர் டிராவல்ஸில் டிக்கெட் போடுவதில் தவறில்லை. ஏஜென்டின் செல் நம்பரும் மின்னஞ்சலும் பதிவாக விட்டுவிடுவதுதான் தவறு. ஏல அழைப்பு, நேர மாற்றம், விமான மாற்றம் எல்லாம் அவருக்கே போய்ச் சேரும். உங்கள் நம்பரைக் கொடுத்து, விமான நிறுவனத்தின் ஆறெழுத்து பி.என்.ஆரைக் கேட்டு வாங்குங்கள். ஏஜென்டின் புக்கிங் எண் வேறாக இருக்கலாம். அதை வைத்து நிறுவனத்தின் தளத்தில் சீட் மாற்ற முடியாது. குரூப் கட்டணத்தில் மொத்தமாக எடுத்த டிக்கெட்டா என்றும் கேளுங்கள். அதில் முன்கூட்டியே சீட் தேர்வு செய்ய முடியாமல் போகலாம்.

பறப்பதற்காக விமான நிறுவனம் தரும் மைல்களைப் (பரிசுப் புள்ளிகள்) சேர்த்து வைத்திருப்பவர்கள் மிகக் குறைந்த கட்டணத்தில் டிக்கெட் எடுத்துவிட்டு அப்புறம் அப்கிரேடு கேட்டு ஏமாறுகிறார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எகானமி லைட் டிக்கெட்டை மைல்களால் உயர்த்த முடியாது. அடுத்த வகைக் கட்டணத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

இனி சீட் தேர்வு. குறைந்த கட்டண விமானங்களில் வரிசைக்கு வரிசை இடைவெளி 28 முதல் 30 அங்குலம் வரைதான். அதனால் முதல் வரிசை நல்லது என்று பாய்கிறோம். அங்கே முன்னால் சீட் இல்லாததால் கைப்பையைக் காலடியில் வைக்க முடியாது, விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் அதை மேலே வைத்தாக வேண்டும். சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் சீட் சற்றுக் குறுகலாகவும் இருக்கும். அவசரக் கதவு வரிசையில் கால் நன்றாக நீட்டலாம். ஆனால் இறக்கை மேல் இரண்டு கதவு வரிசைகள் உள்ள விமானத்தில் முன்னது பெரும்பாலும் பின்னால் சாயாது, பின்னதை எடுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், சக்கர நாற்காலி கேட்டவர்கள் அங்கே உட்கார முடியாது. அம்மாவின் மூட்டுவலிக்காக அந்தச் சீட்டுக்குப் பணம் கட்டினால் வாசலில் மாற்றிவிடுவார்கள். வயதானவர்களுக்கு முன்பக்கத்தில் நடைபாதை ஓரச் சீட் எடுத்து, சக்கர நாற்காலியை 48 மணி நேரம் முன்பே பதிவு செய்யுங்கள்.

போயிங் 737-ல் இறக்கைக்குச் சற்று முன்னால், ஜன்னலோரச் சீட்டுகளில் ஒன்றிரண்டுக்கு ஜன்னலே இருக்காது. குளிர்க்காற்றுக் குழாய் அந்தச் சுவர் வழியாக ஏறுகிறது. இறக்கைக்கு மேல் உட்கார்ந்தாலும் தரை தெரியாது. சிங்கப்பூரிலிருந்து வரும் விமானம் கிழக்கேயிருந்து மேற்கு நோக்கி இறங்கினால் காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கமும் வலப்பக்கம் வரும். இறக்கைக்கு நன்றாகப் பின்னால் வலப்பக்க ஜன்னலோரமான எஃப் சீட் எடுத்து வையுங்கள், அந்தக் காட்சி பார்க்கத் தக்கது.

கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் ஜன்னலோர ஏ சீட்டையும் நடைபாதை ஓர சி சீட்டையும் எடுத்து நடுவை விட்டுவைக்கலாம். நடு சீட்டுகள் கடைசியில்தான் நிரம்பும். யாராவது வந்துவிட்டால் ஓரத்தைக் கொடுத்தால் மறுக்கமாட்டார்கள்.

வெப் செக்-இன்னில் எல்லாச் சீட்டுக்கும் கட்டணம் காட்டுகிறதே என்று பயந்து பணம் கட்டவேண்டியதில்லை. தேர்வு செய்யாமல் மேலே போனால் அதுவே ஒரு சீட்டை ஒதுக்கும். குழந்தையோடு போகிறவர்கள் எல்லாரையும் ஒரே பி.என்.ஆரில் போடுங்கள். 12 வயது வரையுள்ள குழந்தைக்கு அதே பி.என்.ஆரில் வரும் பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் சீட் தரவேண்டும் என்று 2024 ஏப்ரலில் இந்திய விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. உத்தரவிட்டது. தனித்தனி டிக்கெட் எடுத்தால் இதைக் கேட்க இடமில்லை.

நன்றாக உடுத்திப் போனால் பிசினஸ் தருவார்கள் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. எகானமியில் இடத்துக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டால் சிலரை மேலே ஏற்றுவார்கள். அதில் மைல் திட்ட உறுப்பினர் தகுதியும் கட்டண வகையும்தான் முதலில் பார்க்கப்படும். உள்ளே காலி சீட் கண்ணில் பட்டால் கதவு மூடியபின் பணிப்பெண்ணிடம் கேளுங்கள், தானாக எழுந்து மாறாதீர்கள். எடைச் சமநிலைக் கணக்கு உண்டு. கட்டணச் சீட்டுக்குக் காசும் கேட்பார்கள்.

பணம் கட்டிய வகுப்பிலிருந்து உங்களைக் கீழே இறக்கிவிட்டால் பேசாமல் வந்துவிடாதீர்கள். 2023 பிப்ரவரி 15 முதல் உள்ள விதிப்படி, உள்நாட்டுப் பயணத்துக்கு டிக்கெட் தொகையில் வரியோடு சேர்த்து 75 சதவீதம் திரும்பத் தரவேண்டும். வெளிநாட்டுக்கு 1,500 கி.மீ. வரை 30, அதற்கு மேல் 3,500 வரை 50, அதையும் தாண்டினால் 75 சதவீதம். பழைய டிக்கெட்டையும் கையில் கொடுத்த போர்டிங் பாஸையும் படம் எடுத்து வைத்து எழுத்தில் கேளுங்கள்.