தோட்டத்து ரயில்ல பத்து பேர வச்சு செஷன் நடத்துறது எப்படி

எங்க வீடு கடலூர் வண்டிப்பாளையத்துல. பின்னாடி தோட்டத்துல 45 மில்லிமீட்டர் கேஜ்ல, அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல அவ்வளவு இடைவெளி இருக்க மாடல் ரயில், மெயின் லைன் மட்டும் 62 மீட்டர் ஓடுது, வண்டி ஒதுங்கி நிக்கிற லூப், வேகன் நிறுத்துற சைடிங் எல்லாம் தனி. வர்றவங்க முதல்ல கேக்குறது "ஒரே நேரத்துல எத்தன ரயில் சுத்தும்"னுதான். சுத்த விட்டா பாக்க அழகாத்தான் இருக்கும், ஆனா வந்தவங்களுக்கு செய்ய ஒரு வேலையும் இருக்காது, பத்து நிமிஷத்துல போன எடுத்துடுவாங்க. அதுவே, பண்ருட்டியில கெளம்புற கூட்ஸ் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை சைடிங்ல ரெண்டு வேகன கழட்டி விட்டு, எதிர்ல வர்ற பாசஞ்சருக்காக லூப்ல ஒதுங்கி நின்னு, அப்புறம் திருப்பாப்புலியூர் தாண்டி ஓ.டி. (கடலூர் துறைமுகம் ஜங்ஷன்) போய் சேரணும், அத ஆளுக்கொரு வேலையா எல்லாரும் சேந்து செய்யணும்னு வச்சுப் பாருங்க, மூணு மணி நேரம் போறதே தெரியாது. இதத்தான் ஆப்பரேட்டிங் செஷன்னு சொல்றாங்க, நான் நாலு வருஷமா நடத்துறேன்.

வீட்டுக்குள்ள டேபிள் மேல லேஅவுட் (மாடல் ரயில் அமைப்பு) வச்சிருக்கவங்க சொல்ற யோசனைல பாதி நமக்கு ஒத்து வராது, ஏன்னா வெளியில இருக்க லேஅவுட்டுக்கு தூரம்தான் பிரச்சனையே. பண்ருட்டியில நிக்கிறவருக்கு ஓ.டி.யில என்ன நடக்குதுன்னு தெரியாது, நடுவுல கொய்யா மரமும் வாழையும் மறைக்குது. அதனால ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்கு தப்பில்லாம போய் சேருற ஏற்பாட்ட முதல்ல பண்ணிட்டா மீதியெல்லாம் தானா அமையும், அது இல்லாம எவ்வளவு நல்ல இன்ஜின் வச்சிருந்தாலும் செஷன் குழம்பிடும்.

நம்ம ஊருக்கு இந்த கேஜ் ரொம்ப பொருத்தம். 1:22.5 ஸ்கேல்ல, அதாவது நெஜத்துல இருக்கறத 22.5ல ஒரு பங்கா, மீட்டர் கேஜ (ஒரு மீட்டர் இடைவெளி தண்டவாளம்) சுருக்கினா 44.4 மில்லிமீட்டர் வரும், அதாவது 1968ல ஜெர்மனியோட எல்ஜிபின்ற மாடல் ரயில் பிராண்டு கொண்டாந்த இந்த 45 மில்லிமீட்டர் தண்டவாளத்துல நம்ம பழைய விழுப்புரம் மயிலாடுதுறை மீட்டர் கேஜ் அப்படியே உக்காருது. நெஜ லைன் பிராட் கேஜா மாறி 2010ல திரும்ப ஓட ஆரம்பிச்சுது, அதுக்கு முன்னாடி இருந்தத தோட்டத்துல வச்சிருக்கோம்னு எனக்கு ஒரு சந்தோஷம். எங்க லேஅவுட்ல பண்ருட்டி, நெல்லிக்குப்பம், திருப்பாப்புலியூர், ஓ.டி. ஜங்ஷன், அங்கருந்து நெய்வேலிக்கு ஒரு கிளை. விழுப்புரமும் சிதம்பரமும் வராண்டாவுக்குள்ள இருக்கு, அதாவது வண்டிங்க கெளம்புறதுக்கு முன்னாடி ரெடியா வரிசையா நிக்கிற எடம். இந்த மாதிரி வெயில் மழை படாம ஒரு எடம் கண்டிப்பா வேணும், இல்லன்னா செஷன் அன்னைக்கு காலைல வேகன ஒவ்வொண்ணா பெட்டியிலருந்து எடுத்து வைக்கவே ஒரு மணி நேரம் போயிடும்.

முதல்ல உங்க லூப்ப டேப் வச்சு அளங்க. லூப் எவ்வளவு நீளமோ அதுக்குள்ள அடங்குறதுதான் உங்க ரயில், அத தாண்டி ஒரு வேகன் கூட மாட்டக் கூடாது. எனக்கு லூப் 4 மீட்டர், இன்ஜின், அஞ்சு போகி வேகன், ஒரு பிரேக் வேன், மொத்தம் மூணேகால் மீட்டர் சுமாருக்கு வருது, ரெண்டு பக்கமும் பாயிண்ட (தடம் பிரியுற எடம்) தொடாம நிக்க கொஞ்சம் எடம் மிச்சம். ஏழு வேகன் மாட்டினா கம்பீரமாத்தான் இருக்கும், ஆனா ரெண்டு நீள வண்டி எதிரெதிர்ல வந்துட்டா ரெண்டும் நகர முடியாது. அதே மாதிரி சைடிங்ல இருக்க எடத்துல பாதிக்கு கொஞ்சம் மேல வேகன் நிறைஞ்சாலே ஷண்டிங் (வேகன மாட்டி கழட்டி எடம் மாத்துறது) பண்றவர் தவிச்சுப் போயிடுவார். உங்ககிட்ட நிறைய வேகன் இருக்கலாம், அத்தனையையும் ஒரே நாள்ல காட்டணும்னு ஆசப்படாதீங்க, மூணுல ஒரு பங்க உள்ளயே வைங்க.

ஆளுங்க கணக்கு. ஒரு ரயிலுக்கு ரெண்டு பேர், டிரைவரும் கார்டும் (guard). டிரைவர் ரிமோட்ட மட்டும் பாப்பார், கார்டு வேகன் அட்டையப் (இது பத்தி கீழ சொல்றேன்) பாத்து எந்த வேகன் எங்கன்னு சொல்லி, பாயிண்ட் மாத்தி, வேகன இணைக்கிற கப்ளிங் கழட்டுவார். புதுசா வர்றவங்கள எப்பவும் கார்டா போடுங்க, அனுபவம் உள்ள டிரைவரோட ஒரு சுத்து போனாலே பாதி கத்துப்பாங்க. எங்களுக்கு மூணு ஜோடி, மூணு ஸ்டேஷன் மாஸ்டர், ஒரு கன்ட்ரோலர், ஆக பத்து பேர். கன்ட்ரோலர் எங்க பெரியப்பா, நெஜமாவே ஸ்டேஷன் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவர், வேப்ப மரத்தடியில சேர் போட்டு உக்காந்து எந்த வண்டி எப்ப எங்கன்னு சார்ட் போடுவார். பத்து பேர் கெடைக்கலன்னா நாலு பேரே போதும், ஒரு ஜோடி, ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், ஒரு கன்ட்ரோலர், ரெண்டே ரெண்டு ரயில். முதல் செஷன நாலு பேரோட நடத்துங்கன்னுதான் நான் எல்லாருக்கும் சொல்வேன்.

இப்ப டோக்கனுக்கு, அதாவது வண்டி போகலாம்னு டிரைவர் கையில குடுக்குற அடையாளத்துக்கு வர்றேன், இத கொஞ்சம் பொறுமையா படிங்க. சிங்கிள் லைன்ல ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ஒரே சமயத்துல ஒரு வண்டிதான் இருக்கணும். மீட்டர் கேஜ் காலத்துல இதுக்கு நீல்ஸ் பால் டோக்கன் மெஷின் இருந்துச்சு, இரும்பு குண்டு ஒண்ணு வெளிய வரும், அத தோல் பையில போட்டு பிரம்பு வளையத்தோட டிரைவர் கையில குடுப்பாங்க, ஓடுற வண்டியில கைய வளையத்துக்குள்ள நுழைச்சு வாங்குறத பாத்தவங்களுக்கு மறக்காது. நாங்க துணிப்பையில கோலி குண்டு போட்டு வச்சிருக்கோம், பண்ருட்டி நெல்லிக்குப்பம் செக்‌ஷனுக்கு பச்ச, நெல்லிக்குப்பம் திருப்பாப்புலியூருக்கு சிவப்பு, அப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர். அந்தக் கலர் கோலி கையில இல்லாம டிரைவர் வண்டிய நகத்தக் கூடாது, வீட்டுக்காரனான நானே சொன்னாலும் நகத்தக் கூடாது.

முதல் செஷன்ல இதுல பெரிய தப்பு பண்ணினேன். செக்‌ஷனுக்கு ஒரே ஒரு கோலிதான், வரிசையா மூணு வண்டி ஓ.டி. பக்கம் போச்சு, முதல் வண்டியோட கோலியும் அங்க போயிடுச்சு, அடுத்த வண்டிக்கு கோலி இல்ல. என் தங்கச்சி பொண்ணு தோட்டம் பூரா ஓடி ஓடி கோலிய திரும்ப கொண்டாந்து குடுத்துது, கடைசில அது அழ ஆரம்பிச்சுடுச்சு. பெரியப்பா அன்னைக்கு சாயந்திரமே சொன்னார், "நெஜ மெஷின்ல ரெண்டு பக்கமும் நிறைய குண்டு இருக்கும்டா, ஒண்ணு வெளிய வந்தா இன்னொண்ணு வராம பூட்டிக்கும், உன்கிட்ட அந்த பூட்டு இல்லையே, நீ சீட்டு போடு." அதாவது ஒரே பக்கம் அடுத்தடுத்து வண்டி போகணும்னா, முன்னாடி போற வண்டிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் கோலிய கண்ணுல காட்டிட்டு கையில எழுதின சீட்டு குடுப்பார், கடைசி வண்டிதான் கோலிய எடுத்துட்டு போகும். கோலிய பாக்காம சீட்ட மட்டும் டிரைவர் வாங்கக் கூடாது, ஏன்னா கோலி இந்தப்பக்கம் இருக்கற வரைக்கும் எதிர்ல இருந்து எதுவும் வர முடியாதுன்றதுதான் அந்த சீட்டுக்கே மதிப்பு. முன்னாடி போன வண்டி அடுத்த ஸ்டேஷன் போய் சேந்துச்சுன்னு பெல் வந்த அப்புறம்தான் அடுத்தத விடணும்.

பெல்லுன்னா, தண்டவாளத்தோட பக்கத்துலயே பிவிசி பைப்புக்குள்ள வயர் இழுத்து ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஒரு பட்டன், ஒரு 12 வோல்ட் பஸ்ஸர். ரயில்வேல இருக்க அதே கணக்கத்தான் வச்சிருக்கோம். ஒரு அடி அடிச்சா கவனி, ரெண்டு அடி லைன் கிளியரா, மூணு அடி வண்டி செக்‌ஷனுக்குள்ள வந்துடுச்சு, நாலு அடி வண்டி வந்து சேந்துடுச்சு, ஆறு அடின்னா ஆபத்து எல்லாத்தையும் நிறுத்து. கேக்குறவர் அதே எண்ணிக்கைய திருப்பி அடிச்சாதான் ஒத்துக்கிட்டதா அர்த்தம். வாக்கி டாக்கி, கான்ஃபரன்ஸ் கால் எல்லாம் போட்டு பாத்தோம், பத்து பேர் ஒரே நேரத்துல பேசுனா ஒண்ணும் புரியல, பெல் வந்தப்புறம் தோட்டம் அமைதியா ஆயிடுச்சு, அணில் கத்துறது கூட கேக்கும்.

எந்த வேகன் எங்க போகணும்னு சொல்றதுக்கு அமெரிக்காவுல ரொம்ப காலமா பழக்கத்துல இருக்க அட்டை முறைதான் நாங்களும் வச்சிருக்கோம். ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு அட்டை, அதுல ஒரு சின்ன பாக்கெட், பாக்கெட்டுக்குள்ள நாலு முகமா எழுதின ஒரு சீட்டு. முதல் முகத்துல "காலி, நெல்லிக்குப்பம் ஆலைக்கு", ரெண்டாவதுல "சர்க்கரை, விழுப்புரத்துக்கு", மூணாவதுல வேற எங்கயாவது, அப்படி. ஒரு செஷன் முடிஞ்சா சீட்ட ஒரு முகம் திருப்பினா போதும், அடுத்த செஷனுக்கு வேலை தானா தயாரா இருக்கும். நெய்வேலி கிளையிலருந்து நிலக்கரி, ஓ.டி.யிலருந்து மீனும் உப்பும், பண்ருட்டியிலருந்து முந்திரியும் பலாவும்னு எழுதி வைங்க, நம்ம ஊர் சரக்கா இருந்தா வந்தவங்களுக்கு எது எங்க போகும்னு சொல்லாமலே மனசுல நிக்கும். பழைய கல்யாணப் பத்திரிக்கை அட்டை இதுக்கு ரொம்ப நல்லா இருக்கு, தடியா இருக்கும், வேர்வை கைப்பட்டாலும் சீக்கிரம் நைஞ்சு போகாது. கிளிப் வச்ச பரீட்சை அட்டை ஒண்ணு கார்டு கையில கண்டிப்பா இருக்கணும், கடல் காத்து கெளம்பிட்டா சீட்டெல்லாம் பக்கத்து வீட்டுக்கு போயிடும்.

நேரம் பத்தி ஒரு வார்த்தை. உள் லேஅவுட்ல கடிகாரத்த நாலு மடங்கு வேகமா ஓட விடுவாங்க, மூணு மணி நேரத்துல 12 மணி நேர டைம்டேபிள் முடியும். இங்க அது ஒத்து வரல. 1:22.5ல 40 கிலோமீட்டர் வேகம்னா தரையில மணிக்கு 1.8 கிலோமீட்டர் சுமாருக்குத்தான், ஒரு செகண்டுக்கு அரை மீட்டர். நாம சாதாரணமா நடக்குற நடையே ரயிலுக்கு 100 கிலோமீட்டர் வேகம் ஆயிடும், அதனால வண்டிய விட்டு முன்னாடி போறோமேன்னு ஆளுங்க ரிமோட்ட திருகிடுவாங்க. வண்டியோட சேந்து மெதுவா நடக்க சொல்லுங்க. கடிகாரத்த எடுத்துட்டு வெறும் வரிசைய மட்டும் வச்சோம், முதல்ல காலை பாசஞ்சர், அது நெல்லிக்குப்பம் தாண்டினப்புறம் கூட்ஸ், அதுக்கப்புறம் நெய்வேலி நிலக்கரி, இப்படி 12 வண்டி. ஒருத்தர் ஷண்டிங்ல இருபது நிமிஷம் எடுத்தாலும் யாரும் லேட்டுன்னு பதற மாட்டாங்க.

எந்த மாசம்னு கேட்டா தை, மாசி, பங்குனி. ஐப்பசி கார்த்திகைல தேதி குறிக்காதீங்க, 2024 நவம்பர் 30ல ஃபெஞ்சல் புயல் வந்தப்ப வில்லியனூர் பக்கம் இருக்க நண்பரோட லேஅவுட்ல பாதி ஜல்லி அடிச்சுட்டு போய், தண்டவாளம் அந்தரத்துல தொங்குச்சு. கத்திரி வெயில்லயும் வேணாம். மத்த நாள்ல காலைல ஆறரைக்கு ஆரம்பிச்சு ஒம்பதரைக்கு முடிச்சுடுங்க. பித்தளை தண்டவாளம் 20 டிகிரியிலருந்து 60 டிகிரிக்கு சூடானா 10 மீட்டருக்கு ஏழரை மில்லிமீட்டர் நீளும், ஜாயிண்ட்ல சந்து விடாம போட்டிருந்தா பதினோரு மணிக்கு லைன் வளைஞ்சு நிக்கும்.

கரண்டும் தண்டவாளம் வழியா வேணாம். உப்புக் காத்துல பித்தளை ரெண்டே நாள்ல கருத்துடுது, செஷன் அன்னைக்கு விடிகாலைல 62 மீட்டரையும் தேய்ச்சு தேய்ச்சு எனக்கு இடுப்பு போச்சு, அப்புறம்தான் இன்ஜினுக்குள்ள 14.8 வோல்ட் லித்தியம் பேட்டரி வச்சு ரேடியோ ரிமோட்டுக்கு மாறினேன். ஒவ்வொரு இன்ஜினுக்கும் மாத்து பேட்டரி ஒண்ணு சார்ஜ் போட்டு நிழல்ல வைங்க, டிபன் நேரத்துல எல்லாத்தையும் மாத்திடணும், கார்ல வச்சு பூட்டிட்டு வந்துடாதீங்க, சூட்டுல பேட்டரி ஊதிடும். நெஜ நீராவி இன்ஜின் வச்சிருக்க நண்பர்கள் வருவாங்க, அவங்களுக்கு செஷன் முடிஞ்சப்புறம் தனியா நேரம் குடுங்க, நடுவுல தண்ணியும் கேஸும் ஊத்த நின்னா மொத்த லைனும் நிக்கும்.

முந்தின நாள் வேலை: இலை பெருக்குறது, பாயிண்ட்ல எறும்பு மண்ண பிரஷ்ஷால தட்டுறது, மழை பெஞ்சிருந்தா அட்டைப் பூச்சி, நத்தைய எடுக்குறது. அப்புறம் லூப்போட நீளத்துக்கு ஒரு முழு வண்டிய எல்லா சைடிங்லயும் ஒரு தடவ தள்ளியும் இழுத்தும் ஓட்டிப் பாருங்க, இன்ஜின் மட்டும் ஓட்டிப் பாத்தா குறை தெரியாது, பின்னாடி தள்ளும்போதுதான் எந்த வேகன் இறங்குதுன்னு தெரியும். இறங்குற வேகன அன்னைக்கு சரி பண்ண உக்காராதீங்க, உள்ள வச்சிடுங்க.

காலைல டீ குடுத்துட்டு பத்து நிமிஷம் எல்லாரையும் லைன் பக்கமா நடத்திக் கூட்டிட்டு போங்க, நின்ன எடத்துலயே பேசுனா மனசுல பதியாது. கோலி விதி, பெல் கணக்கு, பாயிண்ட் மாத்தினா திரும்ப மெயின் லைனுக்கு வச்சுட்டு போகணும், தடம் புரண்டா அந்த வண்டியோட டிரைவர் மட்டும்தான் தொடணும், இவ்வளவு போதும். செஷன் நடக்கும்போது வீட்டுக்காரர் எந்த வண்டியும் எடுக்கக் கூடாது. நான் எண்ணெய், ஸ்க்ரூ டிரைவர், மாத்து கப்ளிங் வச்ச பையோட சுத்திக்கிட்டே இருப்பேன், தகராறு பண்ற வேகனோட அட்டைல சிவப்பு ரப்பர் பேண்ட் மாட்டிட்டு அடுத்த சைடிங்ல ஒதுக்க சொல்வேன். எட்டு மணிக்கு எல்லா வண்டியும் ஏதாவது ஒரு ஸ்டேஷன்ல நிக்கிற மாதிரி பெரியப்பா பாத்துப்பார், இட்லி, சாம்பார், மோர், அரை மணி நேரம், அப்புறம் ரெண்டாவது பாதி, டிரைவரும் கார்டும் எடம் மாத்திக்குவாங்க.

முடிஞ்சதும் யாரையும் உடனே அனுப்பாதீங்க. எங்க ரொம்ப நேரம் காத்திருந்தீங்க, எந்த அட்டை புரியல, இந்த ரெண்டு கேள்விய மட்டும் ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு நோட்டுல எழுதிக்கோங்க. போன தடவ மூணு பேர் திருப்பாப்புலியூர்லதான் காத்திருந்தோம்னு சொன்னாங்க, அங்க ரெண்டாவது லூப் போட இந்த மாசம் ஜல்லி இறக்கியிருக்கேன். கோலி எல்லாத்தையும் எண்ணி டப்பாவுல போட்டுட்டு, சிவப்பு ரப்பர் மாட்டின வேகன தனி பெட்டில வச்சுட்டு, சீட்டெல்லாம் ஒரு முகம் திருப்பி வச்சுட்டுத்தான் நான் குளிக்கப் போவேன்.